பச்சையில் நிற்கும் முகம்

புவனா அக்கா போய்விட்ட செய்தி வந்தபோது, கிளமெண்டியில் மகளின் பாலர் பள்ளி வாசலில் குந்தி அவளுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். அக்காவின் தம்பி செல்வம் இரண்டே வரிதான் அனுப்பியிருந்தார். “அக்கா தூக்கத்திலேயே போயிட்டாங்க. நாளைக்கு மதியம் மண்டாய்ல தகனம்.” ஒரு காலில் ஷூவோடு நின்ற பிள்ளையை எவ்வளவு நேரம் அப்படியே விட்டேனோ தெரியவில்லை. “மா, இன்னொரு ஷூ” என்று அவள்தான் தோளைத் தட்டினாள். பதினாறாம் நாளும் கழிந்த பிறகுதான் எழுத உட்கார முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் புக்கிட் மேராவில் அக்கா வீட்டில் கூடி வரைந்த நீங்கள் எல்லோரும் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவர் வேலை உங்களுக்குத் தெரியும். கப்பல் பட்டறையில் பெயிண்ட் இன்ஸ்பெக்டர். அடித்த பூச்சு எத்தனை கனம், உள்வரை காய்ந்ததா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுபவர். “எனக்குக் கோடு வராது லா. ஆனா காயுற நேரம் தெரியும்” என்பார். பொய்யில்லை. அவர் வரைந்த கைகளெல்லாம் கையுறை மாட்டியவை போலத்தான் இருக்கும்.

எனக்குக் கல்யாணமான புதிதில் நாங்கள் இருவரும் இத்தாலியில் புளோரன்ஸ் நகரத்துக்கு மூன்று வார வகுப்புக்குப் போனோம். ஐந்நூறு வருடங்களுக்கு முன் அங்கே படம் வரைந்த முறையைக் கற்றுத்தரும் வகுப்பு. மரப்பலகையில் சுண்ணாம்புப் பொடியையும் பசையையும் கலந்து அடுக்கடுக்காகப் பூச வேண்டும். தேய்த்து வழவழப்பாக்கி, அதன்மேல் முட்டையின் மஞ்சள் கருவில் குழைத்த நிறங்களால் வரைய வேண்டும். முதல் வெள்ளிக்கிழமை ஆசிரியை ஆளுக்கொரு முட்டை வைத்தார். அக்கா கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். “இன்னிக்கு வெள்ளி. நான் தொட மாட்டேன். நீ உடைச்சுக் குடு.” நான் ஆங்கிலத்தில் விளக்கினேன். “எங்கள் பாட்டிகள் வெள்ளிக்கிழமை இறைச்சியைத்தான் விடுவார்கள். முட்டை என்ன பாவம் செய்தது?” என்று ஆசிரியை சிரித்தார். அக்காவும் சிரித்தார், ஆனால் கை முன்னால் வரவில்லை. அன்று முழுக்கப் பலகையைத்தான் தேய்த்தார். வகுப்பிலேயே வழவழப்பான பலகை அதுதான்.

முகம் வரைய முதலில் பச்சை நிறமுள்ள ஒரு மண்ணைக் குழைத்துப் பூச வேண்டும். அது காய்ந்ததும் இளஞ்சிவப்பை மயிரிழைக் கோடுகளாக இழுத்து இழுத்துத் தோலைக் கொண்டுவர வேண்டும். அக்கா என்னை உட்காரவைத்து, ஆசிரியை சொன்ன அளவு மாறாமல் கலந்து வரைந்தார். முடித்துவிட்டுப் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “என்ன லா இது! உன்னை ரெண்டு நாள் ஃபிரீசர்ல வெச்ச மாதிரி இருக்கு.” கொஞ்ச நேரம் கழித்து, “அவங்க தோலுக்கு அந்தக் கணக்கு சரி. நம்ம தோலுக்கு நாமதான் பாத்துக்கணும்” என்றார்.

திரும்பி வந்ததும் சிராங்கூன் சாலையில் பூசைச் சாமான் கடைகளில் ஏறி இறங்கினார். கோலத்துக்குக் கரை கட்டும் காவியைப் பொட்டலம் பொட்டலமாக வாங்கினார். ஒவ்வொன்றையும் ஓட்டுத் துண்டில் பூசி, வெயில் விழும் சன்னலில் மாதக்கணக்கில் வைத்தார். மங்கியதைத் தூக்கி எறிந்தார். மங்காமல் நின்றது ஒன்றே ஒன்று.

அதற்குள் எனக்கு யாழினி பிறந்தாள். நான் வரைவதை நிறுத்திவிட்டேன். நிறப்பொடிகளில் பாதரசச் சிவப்பு உண்டு, ஈய வெள்ளை உண்டு. என் உடையில் ஒட்டி வந்து பிள்ளையின் வாயில் போனால்? அக்காவிடம் அதைச் சொன்னேன். மறுவாரமே அந்த இரண்டையும் வீட்டைவிட்டே அகற்றி, மேசையை ஈரத்துணியால் துடைத்துப் புகைப்படம் அனுப்பினார். “டேபிள் கிளியர். பாப்பாவைக் கூட்டிட்டு வா, வரையணும்.” பிள்ளைக்குச் சளி, பள்ளியில் கைகால் வாய்ப்புண் நோய் பரவுகிறது, வெளியே மழை என்று நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். “அடுத்த வாரம் வரேன்கா.” ஒரு தடவை மட்டும் கேட்டார். “பெயிண்ட்ல எது விஷம்னு எனக்குத் தெரியாதா? என்னை நம்ப மாட்டியாம்மா?” கோபமாகக் கேட்கவில்லை. நம்புகிறேன் என்றேன். போகவில்லை.

போன வாரம் செல்வம் ஒரு பலகையையும் காவி ஜாடியையும் கொண்டுவந்து கொடுத்தார். பலகையில் யாழினியின் முகம். நான் எப்போதோ அனுப்பிய புகைப்படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார். பச்சையோடு நிற்கிறது. பின்பக்கம் பென்சிலில் அவர் கையெழுத்து: “பாப்பா வந்து உக்காந்த பிறகுதான் தோல். காவி ரெண்டு, மஞ்சள் ஒண்ணு, வெள்ளை கொஞ்சம்.”

யாழினி எட்டிப் பார்த்தாள். “மா, யாரு இந்தப் பச்சைப் பாப்பா?”

“நீதான்.”

“நான் பச்சை இல்லையே!”

“இன்னும் முடிக்கல கண்ணு.”

“யாரு முடிப்பா?”

இரண்டு நாள் கழித்து, “நான்தான் முடிப்பேன்” என்றேன்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பவை இவ்வளவுதான்: ஒரு ஜாடி காவி, அந்தக் கலவைக் கணக்கு, காய்ந்ததா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்கும் வழக்கம். டேக்கா சந்தையில் அவர் வாங்கும் கடையிலேயே முட்டை வாங்கி வந்துவிட்டேன். மேசையை ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்தாயிற்று. யாழினி காலையிலிருந்தே நாற்காலியில் ஏறி, ஆடாமல் இருந்து பழகுகிறாள். இப்போதே வரையச் சொல்லி நச்சரிக்கிறாள்.

இன்று வெள்ளிக்கிழமை. முட்டையை நாளைக்குத்தான் உடைப்பேன்.