பெரியநாயகியின் இரண்டாவது கிளாஸ்

என் நாத்தனார் பெரியநாயகிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் குறைந்த விலையில் நல்ல வைன் எங்கே கிடைக்கும் என்கிற விஷயத்தில் மலாக்கா முழுவதிலும் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. வெள்ளைக்காரத் துரைமாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் செய்த எதையும் பெருமையாகச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. நாத்தனார் என்றால் அப்படித்தான்.

எங்கள் ரப்பர் தோட்டம் செலண்டாரிலிருந்து மூன்று மைல். என் வீட்டுக்காரர் நாகமுத்து அங்கே மண்டோர். பால்மரம் வெட்டுகிறவர்களை விரட்டி வேலை வாங்குவது அவர் உத்தியோகம். அவருடைய தங்கைதான் பெரியநாயகி. தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தாள். புருஷன் லாரி கவிழ்ந்து செத்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. எங்கள் வீட்டை ஒட்டி, லயம் என்கிற கூலி வரிசைவீட்டின் கடைசி அறையில் தனியாக இருந்தாள்.

துரையம்மாவுக்குப் பிரசவம் ஆனபோது இரண்டு மாதம் பங்களாவிலேயே தங்கிப் பார்த்துக்கொண்டவள் இவள்தான். அந்த அம்மாவுக்கும் பேச்சுத் துணை கிடையாது. சாயங்காலமானால் ஒரு கிளாஸ் வைன் ஊற்றிக்கொண்டு, இவளையும் எதிரில் உட்காரவைத்து, இவளுக்கும் கொஞ்சம் ஊற்றுவாளாம். அவள் பேசுவது இவளுக்குப் புரியாது. இவள் பேசுவது அவளுக்குப் புரியாது. அப்படியே இரண்டு மாதம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பிறகு துரையம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சீமைக்குக் கப்பலேறிவிட்டாள். அவள் பழக்கிவிட்ட ருசி மட்டும் எங்கள் லயத்தில் தங்கிவிட்டது.

கள்ளுக்கடை பக்கத்திலேயே இருந்ததே என்று கேட்கலாம். கள்ளைக் கடையிலேயே நின்று குடித்துவிட வேண்டும், வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. தாலி அறுத்தவள் ஆம்பளைகளோடு போய் அங்கே நிற்க முடியுமா? அதோடு கள் வாடை அவளுக்கு ஆகவும் ஆகாது. அவளுக்கு வேண்டியது, வேலை முடிந்து குளித்துவிட்டு, வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து குடிக்க ஒரு கிளாஸ் வைன். அதையும் ஆயா சம்பளத்தில் வாங்கியாக வேண்டும்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் தேட ஆரம்பித்தாள். ஜாசினில் இருந்த சீனர் கடைகளில் ஒன்றைக்கூட விடவில்லை. பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கிற இனிப்பு வைன்தான் முதலில் கிடைத்தது. வெல்லப்பாகில் இருமல் மருந்தைக் கலக்கியது மாதிரி இருக்கிறது என்று ஒதுக்கிவிட்டாள். அப்போது பட்டாளத்துக் கேன்டீன்களில் மிஞ்சுகிற சரக்கு எப்படியோ சுற்றிச் சுற்றி ஊர்க் கடைகளுக்கு வந்துகொண்டிருந்தது. அதில் இனிப்பில்லாத சிவப்பு வைனும் வரும். இனிக்கும் என்று நம்பி வாங்கிப் போனவர்கள், புளித்துப் போச்சு என்று மறுநாளே கொண்டுவந்து கடைக்காரனிடம் சண்டை போடுவார்கள். கடைக்காரனும் அது கெட்டுப்போன சரக்கு என்றே நம்பி, மிச்சத்தை அரிசி மூட்டைக்குப் பின்னால் தள்ளிவிடுவான். பெரியநாயகி கடைக்குள் நுழைந்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: எந்தப் போத்தலைப் பற்றி ரொம்பப் பேர் குறை சொன்னார்கள்? அதைத்தான் பாதி விலைக்குப் பேசி எடுத்து வருவாள். மேல்தட்டில் நிற்கிற போத்தலைத் தொடவே மாட்டாள். தகரக் கூரைக்குக் கீழே இருந்து வெந்து போயிருக்குமாம்.

ஜாசினில் போதிய போத்தல் கிடைக்காத மாதம் மலாக்காவுக்கே போய்விடுவாள். அங்கே போர்த்துகீசிய வம்சத்துச் செராணி மக்கள் குடியிருக்கிற கம்பத்தில், அதாவது அவர்கள் கிராமத்தில், ஒரு கிழவர் பீப்பாயிலிருந்து பிடித்துத் தருவார். போத்தலை நாம் கொண்டுபோக வேண்டும். ஆஸ்பத்திரி மருந்துப் போத்தலைக் கொதிநீரில் கழுவி எடுத்துக்கொண்டு கிளம்புவாள். நான் கோயிலுக்குக்கூட அவ்வளவு சுத்தமாகக் கிளம்பியதில்லை.

இந்தக் கூத்தை நிறுத்தச் சொல்லிக் கண்டிக்கத்தான் ஒருநாள் சாயங்காலம் அவள் அறைக்குப் போனேன். அவள் என்னை உட்காரவைத்து, ஆஸ்பத்திரியில் மருந்து அளக்கிற அவுன்ஸ் கிளாஸில் இரண்டு அவுன்ஸ் ஊற்றிக் கொடுத்தாள். அவித்த மரவள்ளிக்கிழங்கு ஒரு தட்டில் இருந்தது. குடித்துவிட்டு என்ன ருசி என்று சொல்லச் சொன்னாள். துருப்பிடித்த ஆணியைப் புளித்தண்ணீரில் ஊறப் போட்டது போல இருக்கிறது என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் கண்டிப்பை முடித்துவிட்டு வரலாம் என்று மறுபடியும் போனேன். நாலு மாதமாகியும் அந்தக் கண்டிப்பு முடியவில்லை. என் வீட்டுக்காரர் கள்ளுக்கடையிலிருந்து திரும்புவதற்குள் வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்து அடுப்படியில் நின்றுவிடுவேன்.

இதெல்லாம் மலாயாவில் அவசரகாலம் உச்சத்தில் இருந்த ஐம்பத்திரண்டில் நடந்தது. லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. போகவர ஒரே ஒரு கேட். காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று அரிசியை அளந்து கொடுத்தார்கள். சார்டின் டின்னைக் கடையிலேயே ஓட்டை போட்டுத்தான் தருவார்கள். வீடு வந்து சேர்வதற்குள் குழம்பு பைக்குள் வந்துவிடும். காட்டுக்கு உதவினான் என்று யார் மீதாவது சந்தேகம் வந்தால், வழக்கே இல்லாமல் கேம்பில் போட்டுவிடுவார்கள். அங்கிருந்து நேராக இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிய கதையும் உண்டு.

கேட்டில் பெண்களைச் சோதிப்பதற்குக் குஞ்சம்மா என்று ஒருத்தியை வைத்திருந்தார்கள். நல்லவள்தான். ஆனால் வேலையைச் சரியாகச் செய்கிறவள். ஒருநாள் நான் விறகோடு உள்ளே வரும்போது, சும்மா பேச்சுவாக்கில் கேட்டாள்.

"காளியம்மாக்கா, நாயகி மாசாமாசம் போத்தல் கொண்டாருதே, உங்க வீட்டுல யாரு குடிக்கிறது?"

சுற்றிலும் நாலு பேர் நின்றார்கள். மண்டோர் வீட்டு மானம் என் கையில் இருந்தது.

"எங்க வீட்டுல யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லலா" என்றேன்.

என் வீட்டுக்காரர் தினமும் கள்ளுக்கடையிலிருந்து பாட்டோடு வருவது தோட்டத்துக்கே தெரியும். ஆனால் எங்கள் ஊரில் கள் குடிப்பது குடியில் சேராது. நான் தலையை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன். குடும்ப கௌரவத்தைக் காப்பாற்றிய சந்தோஷத்தில் அன்றைக்குச் சாயங்காலம் இரண்டு அவுன்ஸ் கூடவே குடித்தேன்.

குஞ்சம்மா வேலையைச் செய்தாள். மாதாமாதம் போத்தல் உள்ளே வருகிறது, அந்த வீட்டில் குடிக்கிறவர்கள் யாரும் இல்லை. அப்படியானால் அது போகிற இடம் எது? அடுத்த சனிக்கிழமை காலையில் போலீஸ் லாரி வந்து ஆபீஸ் வாசலில் நின்றது. பெரியநாயகியின் அறையைச் சோதித்து மூன்று போத்தலையும் சில சாமான்களையும் அள்ளிக்கொண்டு, அவளையும் கூட்டிப் போனார்கள்.

லயமே ஆபீஸ் ஜன்னலில் தொங்கியது. உள்ளே மேசைக்குப் பின்னால் இளவயது வெள்ளைக்கார போலீஸ் அதிகாரி. பக்கத்தில் எங்கள் துரை. மொழிபெயர்க்க ஆபீஸ் கணக்கு எழுதுகிற பெரிய கிராணி தனபாலன். நான் வாசற்படியில் நின்றேன். என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றார்.

போத்தல் யாருக்கு என்று அதிகாரி கேட்டார். நான்தான் குடிக்கிறேன் என்று பெரியநாயகி தெளிவாகச் சொன்னாள். கிராணி தனபாலன் பிள்ளையார் கோயில் தலைவர். தமிழ்ப் பெண் ஒருத்தி குடிக்கிறாள் என்று வெள்ளைக்காரனிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நோயாளிகளுக்கு மருந்தாகக் கொடுக்கிறாள் என்று சொல்லி வைத்தார். எந்த நோயாளிக்கு என்று அதிகாரி எழுந்துவிட்டார். காட்டில் குண்டடி பட்டவனுக்கா? கிராணிக்கு வியர்த்தது. துரை ஆஸ்பத்திரிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். அதில் வைன் என்று ஒரு வரியும் இல்லை.

பெரியநாயகிக்கு இங்கிலீஷ் தெரியாதுதான். ஆனால் துரையம்மாவிடம் நாலு வார்த்தை பொறுக்கி வைத்திருந்தாள். கிராணியை ஒதுங்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, தன் நெஞ்சில் விரலை வைத்தாள்.

"ஐ டிரிங்க். எவ்ரி டே. வெரி நைஸ்."

கிராணி கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி நம்பவில்லை. வெள்ளைச் சேலையில், ஒல்லியாக, நெற்றியில் திருநீறோடு நிற்கிறவளைப் பார்த்தால் யார் நம்புவார்கள்? சரி, சோதித்துப் பார்ப்போம் என்று அவளைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். பங்களாவிலிருந்து துரையின் வைன் ஒரு போத்தல் வந்தது. நாலு கோப்பையில் நாலு வைன் ஊற்றி வைத்தார்கள்.

அவள் முதலில் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டாள். பிறகு ஒவ்வொன்றாக மோந்து, நாக்கில் உருட்டிச் சொன்னாள். இது ஜாசின் பஸ் ஸ்டாண்ட் கடையில் வாங்கியது. இது செராணிக் கிழவரின் பீப்பாயிலிருந்து வந்தது, திறந்து மூன்று நாள் ஆகிறது, வெயிலில் வைக்காதீர்கள். இதுவும் ஜாசின்தான், இரண்டாவது சந்தில் இருக்கிற கடை. நாலாவது கோப்பையை மட்டும் மோந்துவிட்டுக் கீழே வைத்துவிட்டாள். இது துரை வீட்டுச் சரக்கு. விலை கூட. ஆனால் தக்கை கெட்டு ஈரத்துணி வாடை அடிக்கிறது, துரையை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்றாள்.

கிராணி இதை மட்டும் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தார். அதிகாரி அந்தக் கோப்பையை எடுத்து மோந்து பார்த்தார். பிறகு துரையைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினார். துரையின் முகம் வைனைவிடச் சிவந்தது. ஜன்னலில் யாரோ கைதட்டினார்கள்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அதிகாரி சிரித்துக்கொண்டே, அறையிலிருந்து எடுத்து வந்த சாமான்களைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார். பாதியில் கை நின்றது. இரண்டு அவுன்ஸ் கிளாஸ் இருந்தது. இரண்டின் அடியிலும் சிவப்புக் கறை. தனியாக இருக்கிற பெண்ணுக்கு இரண்டாவது கிளாஸ் எதற்கு? கூட வந்து குடித்துவிட்டுப் போகிறவன் யார்?

"அதுவும் என்னுதுதான். ஒன்னு செவப்புக்கு, ஒன்னு வெள்ளைக்கு" என்றாள் பெரியநாயகி.

அவர் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டிலும் சிவப்பு. அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. மறுபடியும் கேட்டார். அவள் வாயைத் திறக்கவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளியே லாரியைக் கிளப்பினார்கள். நான் சொன்ன ஒரு பொய்க்கு இவள் கேம்புக்குப் போகப்போகிறாள். உண்மையைச் சொன்னால் என் வாழ்க்கை அந்த லயத்தில் என்ன ஆகும் என்றும் தெரியும், பின்னால் என் வீட்டுக்காரர் நிற்பதும் தெரியும். எப்படி உள்ளே போனேன் என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.

"அந்த ரெண்டாவது கிளாஸ் என்னுதுங்க" என்றேன்.

அதிகாரி இதையும் நம்பவில்லை. எனக்கும் சோதனை. மூன்று கோப்பையை என் முன்னால் தள்ளினார். ஒரு கோப்பைகூட நான் சரியாகச் சொல்லவில்லை. ஜாசினை மலாக்கா என்றேன், மலாக்காவை ஜாசின் என்றேன். மூன்றாவதும் முதலாவதும் ஒன்றுதான் என்று சாதித்தேன். அவ்வளவு நேரம் சிலைபோல நின்ற பெரியநாயகிக்கு இது பொறுக்கவில்லை.

"நாலு மாசமா ஊத்தி ஊத்திக் குடுத்தேனே அண்ணி, எல்லாம் சாக்கடைல ஊத்துனதா? இதுவும் அதுவும் ஒன்னா? நாக்கா அது, செருப்புத் தோலா?"

நான் சும்மா இருப்பேனா? அவள் ஊற்றும்போதே இரண்டையும் கலந்து தொலைக்கிறாள் என்று திருப்பிக் கொடுத்தேன். ஆபீஸ் என்பதையும் மறந்து, போலீஸ் என்பதையும் மறந்து, போன பொங்கலுக்கு நடந்ததுவரை இழுத்துச் சண்டை போட்டோம். கிராணி மொழிபெயர்க்க முயன்று பாதியில் விட்டுவிட்டார். அதற்கு அவசியமும் இல்லை. இரண்டு பேரும் தினம் ஒன்றாக உட்கார்ந்து குடிக்கிறவர்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? அதிகாரி இரண்டு கிளாஸையும் எங்கள் கையில் கொடுத்து, போங்கள் என்றார்.

என் வீட்டுக்காரர் ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. சோறு வேண்டுமென்றால் கோழியைப் பார்த்துக் கேட்பார். பத்தாவது நாள் கள்ளுக்கடையில், துரை வீட்டு வைனைக் கெட்டதென்று சொன்னவள் என் தங்கச்சி என்று அவரே மார்தட்டினாராம். நான் மட்டும் அவள் அறைப்பக்கம் போகவில்லை. போக முகமில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் மனசைக் கல்லாக்கிக்கொண்டு போனேன். கேட்டில் குஞ்சம்மாவிடம் அப்படிச் சொன்னது நான்தான் என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன். சொல்லும்போதே அழுகை வந்தது.

"தெரியும். சோதிக்க வந்த அன்னைக்கே குஞ்சம்மா எங்கிட்ட சொல்லிட்டா."

தெரிந்துமா அங்கே என் பெயரைச் சொல்லாமல் நின்றாய் என்று கேட்டேன். அவள் கிழங்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"நல்ல வைன் தேடுனா கெடைச்சுரும் அண்ணி. நாலு கடை ஏறி எறங்குனா மலிவாவே கெடைச்சுரும். கூட ஒக்காந்து குடிக்க ஒரு ஆளு கெடைக்க எனக்கு அஞ்சு வருஷம் ஆச்சு."

நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். இரண்டு அவுன்ஸ் ஊற்றிக் கொடுத்து, இது எந்தக் கடை என்று கேட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே குடித்துப் பார்த்துச் சொன்னேன். அன்றைக்கும் தப்பாகத்தான் சொன்னேன்.