பாண்டேஜ் குடோனில் மத்தியானப் பாட்டு

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதன், சொந்தமாகப் பாண்டேஜ் துணி நெய்யும் ஷெட் வைத்திருப்பவன், தன்னுடைய குடோனுக்குள் தானே திருட்டுத்தனமாக நுழைந்து, ஷட்டரை உள்ளிருந்து இறக்கிவிட்டு, துணிக் கட்டுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, எப்போதோ செத்துப்போன ஓர் அமெரிக்கப் பாடகியின் குரலைக் கேட்டுக் கண் கலங்குவது வெளியில் சொல்லிக்கொள்ளும்படியான விஷயம் இல்லை. அந்த மனிதன் நான்தான். மேஸ்திரி கேட்டால் ஸ்டாக் பார்க்கிறேன் என்பேன். ராஜபாளையத்தில் என்னைப்போல் தினமும் ஸ்டாக் பார்த்த முதலாளி கிடையாது. ஸ்டாக் மட்டும் எப்போதும் தப்பாகவே இருந்தது.

வீட்டில் கேட்டிருக்கலாமே என்றால், ஒருமுறை கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை, ஹாலில், ஸ்பீக்கரில். அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்த என் மனைவி வாசலில் நின்று ஒரு வரி கேட்டுவிட்டு, "யாருக்கு என்னங்க ஆச்சு?" என்றாள். அதோடு சரி.

அந்தப் பாடகி பாடியவை பெரும்பாலும் ஸ்டாண்டர்ட்ஸ் என்று அவர்கள் சொல்லும் பாட்டுகள். பழைய மேடை நாடகங்களுக்கும் படங்களுக்கும் யாரோ எழுதியவை. பிறகு நாடகம் மறந்துபோய்ப் பாட்டு மட்டும் தங்கி, ஊருக்கே பொதுச் சொத்தாகிவிட்டவை. நம் ஊரில் ஒரே கீர்த்தனையைப் பத்து வித்வான்கள் பாடுவதுபோல அங்கும் ஆளாளுக்குப் பாடுவார்கள். இந்த அம்மாள் பாடினால் பாட்டு அவளுடையதாகிவிடும். தாளம் முன்னால் போய்க்கொண்டிருக்கும். இவள் ஒரு எட்டு பின்னால் வருவாள், போய்ச் சேர மனமில்லாதவள்போல. பியானோ காத்திருக்கும். சொல்லின் கடைசி எழுத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வாள். ஒரே பாட்டை இளம் வயதில் பெரிய வாத்தியக் கோஷ்டியோடும், வெகுகாலம் கழித்து வெறும் பியானோவோடும் பாடியிருக்கிறாள். போனவனைத் திரும்பி வரச்சொல்லும் பாட்டு. முதல் பதிவைக் கேட்டால் அவன் வந்துவிடுவான் என்று நமக்கே தோன்றும். இரண்டாவதில் குரல் தேய்ந்து, சில ஸ்வரங்கள் எட்டாமல் போகின்றன. அவன் வரமாட்டான் என்று தெரிந்தும், கூப்பிட்டுப் பழகிவிட்டதால் கூப்பிடுகிறாள். இதையெல்லாம் நான் யாரிடம் சொல்வது? நூல் விலை பேச வருகிற புரோக்கரிடமா?

குடோனைத் தேர்ந்தெடுத்ததற்கு வெட்கம் மட்டும் காரணமில்லை. நான்கு சுவரையும் மறைத்துக் கூரைவரை துணிக் கட்டுகள். கை தட்டினால் சத்தம் கையிலேயே நின்றுவிடும். எதிரொலி என்பதே கிடையாது. அந்த இடத்தில் ஒரு குரலை ஓடவிட்டால் அது ஸ்பீக்கரிலிருந்து வருவதுபோல இருக்காது. எதிரே ஓர் ஆள் நின்று பாடுவதுபோல இருக்கும். அவள் வரிக்கு முன்னால் இழுக்கும் மூச்சுகூட என் முகத்துக்கு நேரே கேட்கும். சில நாள் முதுகுக்குப் பின்னால் கேட்கும். திரும்பிப் பார்த்திருக்கிறேன். கட்டுகள்தான் இருந்தன, வெள்ளை வெளேரென்று, யாரோ தலையோடு கால் சுற்றி அடுக்கி வைத்ததுபோல.

நேரம் மத்தியானம்தான். தறிகள் ஓடும்போது ஷெட்டில் இடி விழுந்தாலும் தெரியாது. பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுக்காக நிறுத்துவார்கள். நிறுத்தியதும் விழும் அமைதி இருக்கிறதே, காதுக்குள் பள்ளம் தோண்டியதுபோல இருக்கும். அந்த அமைதியில்தான் நான் ஷட்டரை இறக்குவேன். ஷட்டருக்கு மேலே ஒரு வென்டிலேட்டர் இருப்பதும், அதற்கு நேர் கீழே வேப்பமரத்தடியில் பெண்கள் சாப்பிட உட்காருவதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் தெரியவில்லை.

முதலில் ஷட்டர் ஓரத்தில் உதிரி மல்லிகை கிடந்தது. காற்றில் வந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் தரையில் மெழுகு உருகிக் காய்ந்திருந்தது. எலிக்கு ஏதோ வைத்தியம் செய்கிறார்கள் என்று நினைத்துத் தாண்டிப் போனேன். எலிக்கு யாரும் மெழுகுவர்த்தி ஏற்றுவதில்லை என்பது ஸ்டூலில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அதுவும் பஞ்சும் துணியும் அடைத்த குடோன் வாசலில்! மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

அவர் முழுதாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அண்ணாச்சி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிடக் கூடாது" என்றார்.

"சொல்லும்."

"பொம்பளையாளுக குடோனுக்குள்ள போமாட்டேங்காக. உச்சிப் பொழுதுல உள்ள ஒரு பொம்பள முனங்குதாம். அழுவுதாம். போன வருசம் மஞ்சக்காமாலையில போனால்லா, நூல் சுத்துத மிஷின்ல நின்னவ? அவதானாம்."

"யாரு பார்த்தா?"

"பாக்கல. கேட்டிருக்காக." குரலைத் தாழ்த்தினார். "நீங்க உள்ள போன பொறவுதான் பேச ஆரம்பிக்காளாம். அவகிட்ட நீங்க தெனமும் பேசப் போறியன்னு ஷெட்டு பூராம் பேச்சு. நாஞ் சொல்லல, அவிய சொல்லுதாவ."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் வேறொன்று தோன்றியது. குடோனில் ஒரு செத்த பெண்ணின் குரல் தினமும் கேட்கிறது என்பதில் பொய் என்ன இருக்கிறது? அவர்கள் சொன்னதில் ஆள் மட்டும்தான் தப்பு.

மெழுகுவர்த்தி ஏற்றியவள் இறந்துபோனவளின் அக்கா. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வந்து எங்களிடம் தறி ஓட்டுபவள். சகோதரிகளை எனக்கு நன்றாகத் தெரியும், அதாவது பார்த்துத் தெரியும். கல்யாணமாகி ஊர் பிரிந்த பிறகு இருவரும் சந்தித்துக்கொண்டது ஷெட்டுக்குள் மட்டும்தான். சாப்பாட்டு நேரத்தில் தங்கை மாமியாருக்குச் சோறு போட வீட்டுக்கு ஓடிவிடுவாள். சாயங்காலம் சங்கு ஊதினால் அக்கா பஸ்ஸுக்கு ஓடிவிடுவாள். தறி ஓடும் இடத்தில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. உதட்டை அசைப்பார்கள், விரலைக் காட்டுவார்கள். நான்கு தறி தள்ளி நிற்பவளுக்கு வீட்டுச் சண்டை முழுவதையும் சத்தமே இல்லாமல் சொல்லி முடித்துவிடுவார்கள். இந்த இரண்டு பேரும் வருஷக்கணக்காக அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் தறிகள் நின்றதும் குடோனுக்குப் போனேன். அக்கா ஷட்டருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். தூக்குச்சட்டி திறக்கப்படவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"மெழுகுதிரி இனிமே ஏத்த மாட்டேன் மொதலாளி. மேஸ்திரி ஏசிட்டாரு."

"சரிக்கா. அது பஞ்சு, பிடிச்சுக்கிடும்."

"ஒண்ணே ஒண்ணு சொல்லிருங்க. அவ என்ன சொல்லுதா?"

நான் சட்டைப் பையில் ஷட்டர் சாவியைத் தேடினேன்.

"ஆஸ்பத்திரியில கடைசியா என்னப் பாத்து என்னமோ சொன்னா. மூஞ்சில மாஸ்க்கு மாட்டியிருந்தாக. ஒதடு தெரியல. கழத்துங்கன்னேன், கழத்தக் கூடாதுன்னுட்டாக. அதத்தான் இங்கன வந்து சொல்லுதா. எனக்கு வெளங்க மாட்டேங்கு. ஒங்களுக்கு வெளங்குதுல்லா?"

"அவ குரல் மாதிரியா இருக்கு?"

அவள் யோசித்தாள். "கொரலு மறந்துபோச்சு மொதலாளி. ஒதடுதான் ஞாபகம் இருக்கு."

"ஒன்மேல ஒரு கோபமும் இல்லையாம், நல்லா இருக்காளாம்" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. நான் படித்த புத்தகங்களில் பாதி அப்படிச் சொல்லச் சொல்லியிருக்கும், மீதிப் பாதி அதற்காக என்னை மன்னித்திருக்கும். ஆனால் அவள் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்நாள் முழுக்க உதட்டைப் படித்தவளிடம் பொய் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. ஷட்டரைத் தூக்கி, "உள்ள வாக்கா" என்றேன்.

ஸ்டூலையும் ஸ்பீக்கரையும் காட்டினேன். போனை எடுத்து அந்தப் பாட்டைப் போட்டேன், வயதான பிறகு வெறும் பியானோவோடு பாடியதை. குரல் வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது. அவள் அசையவில்லை.

"யாரு இந்தம்மா?"

"அமெரிக்காவுல பாடுனவங்க. இறந்து ரொம்ப வருஷமாச்சு."

"அப்ப இவியளும் செத்தவியதானா" என்றாள், ஒரே தெருக்காரரைப் பற்றிக் கேட்பதுபோல.

பாட்டு முடியும்வரை நின்று கேட்டாள். "அவ இல்ல" என்றாள்.

"குரல் மறந்துபோச்சுன்னியே?"

"இது இல்லன்னு தெரியுதுல்லா."

ஸ்பீக்கரை அணைத்தேன். அவள் கிளம்பவில்லை. கட்டுகள் அடுக்கியிருந்த மூலையைப் பார்த்தபடி நின்றாள். அவள் உதடுகள் அசைந்தன, சத்தம் இல்லை. வலது கையை லேசாகத் திருப்பி "என்ன?" என்று கேட்டாள், ஷெட்டில் கேட்பதுபோலவே. நிறுத்தினாள். காத்திருந்தாள். கண்கள் எதையோ பின்தொடர்வதுபோல மெதுவாக நகர்ந்தன, ஒரு வரியைப் படிப்பவர்களுக்கு நகர்வதுபோல. தலையை ஆட்டினாள். திரும்பவும் உதடு அசைந்தது. ஒருமுறை சிரித்துக்கூட விட்டாள்.

நான் மூலையைப் பார்க்கவில்லை. என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு மிக அருகில் ஒரு மூச்சு இழுபட்டது. பாடுவதற்கு முன் இழுப்பார்களே, அந்த மூச்சு. அவள் எட்ட நின்றாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரின் நீல விளக்கு அணைந்திருந்தது. வீட்டுக்குப் போய் அந்தப் பதிவின் கடைசிப் பகுதியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பியானோ ஓய்ந்த பிறகு அதில் மூச்சு எதுவும் இல்லை.

அவள் வெளியே போய்க் குழாயில் முகம் கழுவி, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டாள். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன சொன்னாளோ, அடுத்த வாரத்திலிருந்து பெண்கள் பழையபடி குடோனுக்குள் போய்வர ஆரம்பித்தார்கள். நானும் ஒளிவதை விட்டுவிட்டேன். ஷட்டரை முழுதாகத் தூக்கி வைத்துக்கொண்டு, ஊரறியக் கேட்டேன்.

அந்த மூச்சு மட்டும் என்னை விடவில்லை. மேற்கே அய்யனார் கோவில் மலைப் பக்கம் மழை கறுத்திருந்த ஒரு மத்தியானம், அவள் குழாயடியில் தனியாக நின்றபோது கேட்டேவிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு ஒன் தங்கச்சி என்னதான் சொன்னா?"

"அது எங்களுக்குள்ள மொதலாளி" என்றாள். தூக்குச்சட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரை உதறினாள். "ஒங்களுக்கும் ஒண்ணு சொல்லிவிட்டா. நாந்தான் எப்பிடிச் சொல்லன்னு இருந்துட்டேன்."

"என்ன?"

"மத்தியானம் செத்த நேரம் கண்ணசர முடியலையாம். அந்தம்மா சத்தத்தக் கொஞ்சம் கொறச்சு வைக்கச் சொன்னா."