நட்சத்திரம் இல்லாத ஜோசையா

வங்காளிகளுக்கு நடுவே தமிழர்கள் குடியிருந்த லேக் மார்க்கெட் பக்கத்தில் ஒரு காலத்தில் இரண்டு வெங்கடராமன்கள் இருந்தார்கள். ஒருவர் ரயில்வே, இன்னொருவர் இன்ஷூரன்ஸ். இருவருக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. ஆனாலும் பெரிய வெங்கடராமன், சின்ன வெங்கடராமன் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். பெரியவர் மாற்றலாகி நாக்பூர் போனதும் சின்னவர் தானாகவே பெரியவராகிவிட்டார். பிறகு புதிதாகக் குடிவந்த ஒருவர், பாவம், கேட்பாரில்லாமல் சின்னவரானார்.

ஜலஜா இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள். ஆகவே முந்நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கக் காகிதத்தில் 'சீனியர்', 'ஜூனியர்' என்று கண்டவுடனே அப்பா, பிள்ளை என்று முடிவு கட்டும் தப்பை அவள் ஒரு நாளும் செய்ததில்லை. அங்கேயும் கதை இதுதான். ஊரில் அந்தப் பெயரில் மூத்தவன் சீனியர், இளையவன் ஜூனியர். மூத்தவன் செத்தால் இளையவனுக்குப் பதவி உயர்வு.

அதே ஊரின் மறு கோடியில், சால்ட் லேக் செக்டர் ஃபைவில் ஆறாவது மாடியில் உட்கார்ந்து அவள் பதினோரு வருஷமாகப் பார்க்கிற வேலை அது. தங்கள் முன்னோர் யார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படும் அமெரிக்கர்களுக்காக, மாதா கோயில் பதிவேடு, நிலப் பத்திரம், உயில் எல்லாவற்றையும் கணினியில் பார்த்து, யார் யாருடைய பிள்ளை என்று எழுதித் தரவேண்டும். கையெழுத்தைப் படிப்பதுகூடப் பழகிவிடும். பெயர்கள்தான் உயிரை வாங்கும். அந்தக் காலத்து மனிதர்களுக்குப் பெயர் வைப்பதில் அப்படியொரு கஞ்சத்தனம். மொத்த ஊருக்கும் சேர்த்துப் பத்துப் பெயர்தான். அதையே தாத்தா, சித்தப்பா, பேரன் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே தெருவில் நான்கு பெஞ்சமின், அதில் இரண்டு பேருக்கு மனைவி பெயர் ஹன்னா என்றால் என்னதான் செய்வது?

ஜலஜா ஒரு வழி வைத்திருந்தாள். பிறந்த தேதி கிடைத்த ஒவ்வொருவனுக்கும் ஜன்ம நட்சத்திரம் கணித்து நோட்டில் எழுதிக்கொள்வாள். 1752க்கு முந்தைய தேதிகளுக்கு அவர்களுடைய காலண்டர் பதினோரு நாள் பின்தங்கியிருக்கும். அதைச் சரிக்கட்டிவிட்டுப் பஞ்சாங்க மென்பொருளில் தட்டினால் மகம் பெஞ்சமின் தனி, திருவாதிரை பெஞ்சமின் தனி. அதற்குமேல் அவளுக்குக் குழப்பமே வராது. பெயர் யாருக்கு வேண்டுமானாலும் இருக்கலாம், நட்சத்திரம்தான் ஆளுக்குரியது என்பது அவள் கட்சி. தமிழ் வீடுகளில் பள்ளிக்கூடத் தேதியை நம்பி யாராவது பிறந்தநாள் கொண்டாடுவார்களா என்ன?

"பெஞ்சமினுக்கு இப்போ ஏழரை நடக்கறதா, பார்த்துச் சொல்லேன்" என்று வீட்டில் சீதாராமன் கேலி செய்வார். பாங்கிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவியைக் கேலி செய்வதைத் தவிர அவருக்கு உருப்படியான வேலை கிடையாது.

கேலிக்கு அடியில் ஒன்று இருந்தது. நூற்றுக்கணக்கான வெள்ளைக்காரர்களுக்கு நட்சத்திரம் பார்த்தவள், தன் சான்றிதழில் இருந்த தேதிக்கு மட்டும் பார்த்ததில்லை. 14 அக்டோபர் 1965. காகிதத்தின்படி அவளுக்கு இன்னும் மூன்று வாரத்தில் அறுபது. ஆனால் வீட்டில் அவள் பிறந்தநாள் கார்த்திகை மாதம் சுவாதி. அம்மா பாயசம் வைத்துக் கோவிலுக்கு அழைத்துப் போகும் நாள் அதுதான். அதன்படி அவளுக்கு இன்னும் ஐம்பத்தெட்டே முடியவில்லை.

பள்ளியில் சேர்க்க அப்பா வயதைக் கூட்டிப் போட்டார் என்று ஒரு அத்தை சொன்னாள். உனக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்து தவறிப்போனது என்று இன்னொரு அத்தை ஒரு கல்யாண வீட்டில் காதோடு சொல்லிவிட்டு, சாப்பிடப் போய்விட்டாள். அம்மாவிடம் கேட்டபோது, "இப்போ எதுக்கு அது?" என்று அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அம்மா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அந்த அக்கா இருந்தாளா, இல்லை வெறும் பேச்சா என்பது ஜலஜாவுக்குத் தெரியவேண்டும். இருந்திருந்தால், ஒவ்வொரு அக்டோபரிலும் தான் வாங்கிக்கொண்ட வாழ்த்தெல்லாம் யாருடையது? கணித்துப் பார்த்து அங்கேயும் சுவாதியே வந்துவிட்டால், அப்பா வயதைக் கூட்டிப் போட்டதுதான் நிஜம், அக்கா பொய் என்றாகிவிடும். அதற்குப் பயந்துதான் இத்தனை நாள் சும்மா இருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஜோசையா வந்து சேர்ந்தான்.

ஒஹையோவில் மார்த்தா என்று எண்பத்தாறு வயதுக் கிழவி. அவளுடைய வம்சம் கனெக்டிகட்டில் ஒரு சிற்றூர் ஜோசையாவில் போய் நின்றது. 1709 மே மாதம் பிறந்தவன், 1781ல் இறந்தவன் என்று இணையத்தில் இருந்த நானூறு வம்சமரங்களும் ஒரே குரலில் சொல்லின. ஜலஜா வழக்கம்போல நோட்டில் 'பூசம் ஜோசையா' என்று எழுதிக்கொண்டாள். இரண்டு நாள் அவனோடு நன்றாகத்தான் போயிற்று. மூன்றாம் நாள் ஒரு நீதிமன்றக் காகிதம் அகப்பட்டது. அப்பாவை இழந்த ஜோசையா, தனக்கு ஒரு காப்பாளரைத் தேர்ந்துகொள்கிறான். 'இருபத்தொரு வயது நிரம்பாதவன்' என்று குமாஸ்தா எழுதியிருந்தார். தேதி 1731 நவம்பர்.

அவள் விரல் விட்டு எண்ணினாள். 1709ல் பிறந்தவனுக்கு அப்போது இருபத்திரண்டு. வயது நிரம்பியவனுக்குக் காப்பாளர் எதற்கு?

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கரியாஹாட் வரை முக்கால் மணி நேரம். பூஜைப் பந்தல்களுக்குக் கட்டிய மூங்கில்கள் சாலையோரம் மழையில் நனைந்துகொண்டிருந்தன. கண் செருகியது. பைபாஸில் எங்கோ ஒரு நிறுத்தத்தில் கறுப்புத் தொப்பிக்காரர்கள் நாலைந்து பேர் ஏறினார்கள். கண்டக்டர் சில்லறையைக் குலுக்கிக்கொண்டு, "பேர் என்ன, பேர் என்ன?" என்று கேட்டார். எல்லோரும் ஜோசையா என்றார்கள். கடைசியில் ஒரு சின்னக் குழந்தை, படி ஏற எட்டாமல் கீழேயே நின்றது. அதுவும் வாயைத் திறந்து பெயர் சொல்லப் பார்த்தது. அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. "நிறுத்துங்கோ!" என்று ஜலஜா வாய்விட்டுச் சொல்லியிருக்கவேண்டும். பக்கத்து இருக்கைப் பெண், "கீ ஹோலோ மாஸிமா?" என்று, என்ன ஆச்சு சித்தி என்பதை வங்காளியில் கேட்டு, அவள் கையைத் தொட்டாள்.

மறுநாள் சைதன்யாவிடம் போய் நின்றாள். சைதன்யா அவள் குழுவுக்குத் தலைவி, முப்பது வயது. சால்ட் லேக்கிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

"இவன் ஒருத்தன் இல்லே, ரெண்டு பேர். முதல் ஜோசையா குழந்தையிலேயே போயிட்டான். அடுத்ததுக்கும் அதே பேரை வெச்சிருக்கா. அந்த ஊர்லே அது வழக்கம். பதிவேட்டிலே இருக்கறது மூத்தவனோட பிறப்பு. மத்தபடி கல்யாணம், நிலம், உயில் எல்லாம் இளையவனோடது."

"மூத்தவன் செத்ததுக்கு ரெக்கார்ட் இருக்கா மாஸி?"

"இல்லே."

"ரெண்டாவது பையன் பிறந்ததுக்கு?"

"அதுவும் இல்லே."

"அப்போ நானூறு மரமும் தப்பு, நீங்க மட்டும் கரெக்ட்டா?" சைதன்யா சிரித்தாள். "மாஸி, மார்த்தாவுக்கு வம்சம் எப்படியும் மாறப்போறதில்ல. அதே அப்பா, அதே அம்மா. ஒரே ஆளுன்னு எழுதி அனுப்பிடலாம். யாருக்கு என்ன நஷ்டம்?"

"அந்தக் குழந்தைக்கு" என்றாள் ஜலஜா.

சைதன்யா சிரிப்பை நிறுத்தினாள். "சரி, எழுதுங்க. ஆனா கோர்ட் பேப்பரை முதல் பக்கத்திலேயே போடுங்க" என்றாள். நல்ல பெண்தான்.

ஜலஜா நோட்டில் பூசம் ஜோசையாவை அடிக்கவில்லை. அவனுக்கு நட்சத்திரம் இருந்தது, வாழ்க்கை இல்லை. கீழே புதிதாக ஒரு வரி எழுதினாள்: நட்சத்திரம் இல்லாத ஜோசையா. எழுபது வருஷம் வாழ்ந்து ஒன்பது பிள்ளை பெற்றும் அவனுக்குச் சொந்தமாக ஒரு பிறந்தநாள் கிடையாது. மூத்தவனுடைய தேதியைச் சுமந்துகொண்டே போய்ச் சேர்ந்தான். அவனிடம் அவளுக்கு என்னவோ கூடப்பிறந்தவன்போல ஒரு வாஞ்சை உண்டாயிற்று.

பூஜை விடுமுறை முடிந்து வந்தபோது மார்த்தாவின் பதில் காத்திருந்தது. முதல் ஜோசையாவுக்குத் தன் மரத்தில் தனியாக ஒரு கட்டம் போட்டுவிட்டதாக எழுதியிருந்தாள். கூடவே ஒரு கேள்வி: இத்தனை பேர் கண்ணில் படாதது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

ஜலஜா அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தாள். கணினியை மூடிவிட்டு அரை நாள் லீவு சொல்லிக் கிளம்பினாள். நேரே லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் பஜனை சமாஜம்.

சமாஜத்தின் காரியதரிசி சுந்தரேசன் மாமாவுக்கு எழுபத்தைந்து வயது. அவருடைய அப்பாவும் காரியதரிசியாக இருந்தவர். மாதா மாதம் சந்தாக் குடும்பங்களுக்கு ஜன்ம நட்சத்திரத்தன்று அர்ச்சனை செய்வது அங்கே வழக்கம். யாருக்கு என்றைக்கு என்பதை எழுதிய நோட்டுகள் இரும்பு பீரோவில் அடுக்கியிருந்தன. ஜலஜா எத்தனையோ தடவை அந்த பீரோவைக் கடந்து போயிருக்கிறாள்.

"அறுபத்தாறாம் வருஷத்து நோட்டா? எதுக்கு மாமி? பூச்சி அரிச்சிருக்குமே" என்று முனகிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

அப்பா பெயர் இருந்தது. கீழே அம்மா பெயர். அதற்கும் கீழே 'குழந்தை ஜலஜா, ரோகிணி.' மாதா மாதம் அதே வரி. தை, மாசி, பங்குனி. அடுத்த நோட்டில் 1967 சித்திரை வரை. வைகாசியிலிருந்து அந்த வரி இல்லை. அப்பா அம்மா பெயரே சில மாதம் இல்லை. பிறகு 1968ல் 'குழந்தை பாஞ்சு, சுவாதி.' பாஞ்சு என்பது அவளுடைய வீட்டுப் பெயர். 1971 வரை பாஞ்சு. அந்த வருஷம் அவளைப் பள்ளியில் சேர்த்தார்கள். அந்த மாதத்திலிருந்து 'ஜலஜா, சுவாதி.'

ஜலஜா போனை எடுத்து 14 அக்டோபர் 1965 என்று தட்டினாள். பதினோரு நாள் சரிக்கட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை. ரோகிணி என்று வந்தது. அக்காவின் சான்றிதழையும் பெயரையும் கொடுத்துத்தான் அவளைப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள்.

பாஞ்சு என்ற பெயர் எப்படி வந்தது என்று அம்மா வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மாடி வீட்டு போஸ் மாஸி அவளை ஐந்து சோழி கொடுத்து அம்மாவிடமிருந்து விலைக்கு வாங்கினாளாம், அதனால் பாஞ்ச்கோரி, சுருக்கமாகப் பாஞ்சு. நம் ஊரில் தவிட்டுக்கு வாங்குவதைப்போல இங்கே சோழிக்கு. முதலில் பிறந்தது தங்காத வீட்டில்தான் அப்படிச் செய்வார்கள், எமனுக்கு இது வேறு வீட்டுக் குழந்தை என்று போக்குக்காட்ட. வேடிக்கைக் கதைக்குள்ளேயே அம்மா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். கேட்டவளுக்குத்தான் காது இல்லை.

"மாமா, உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

சுந்தரேசன் மாமா கண்ணாடியைத் துடைத்தார். "நான் அப்போ ஸ்கூல் பையன். பெரியவா விஷயம் எங்க காதுக்கு வராது. உங்க அம்மா கொஞ்ச நாள் பஜனைக்கே வரலே. அது ஞாபகம் இருக்கு" என்றார்.

ஜலஜாவுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. பள்ளியில் அக்டோபர் பதினாலாம் தேதி எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுக்க மிட்டாய் வாங்கித் தருவார் அப்பா. மிச்சத்தை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மா வாயில் ஊட்டப் பார்ப்பாள். அம்மா வாயைத் திறக்கமாட்டாள். தித்திப்பு பிடிக்காது என்பாள். கார்த்திகையில் மட்டும் அதே அம்மா பாயசத்தை வழித்துச் சாப்பிடுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! அந்த நோட்டின்மேல் தலையை வைத்துக்கொண்டு ஜலஜா அழுதாள். மாமா மின்விசிறியைப் போட்டுவிட்டு வெளியே போய் நின்றார்.

அந்த வருஷம் புரட்டாசி ரோகிணி சனிக்கிழமை வந்தது, பதினோராம் தேதி. காலையில் ஜலஜா தலைக்குக் குளித்து, புதிதாக ஒரு புடவை கட்டிக்கொண்டாள். உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் அர்ச்சனை என்பது அவளுக்குத் தெரியாதா? வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு நடந்தாள். ஆனால் காகிதத்தில் உயிரோடு இருப்பது யார்? ஓட்டுப் போட்டது, பாஸ்போர்ட் வாங்கியது, கல்யாணத்தைப் பதிவு செய்தது எல்லாம் 65ல் பிறந்த ஜலஜா. 67 சுவாதிக்குத்தான் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. சாஸ்திரத்துக்கு இது போதாதென்றால் சாஸ்திரம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும்.

சமாஜத்தில் குருக்கள் புதியவர், பாலக்காட்டிலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. தட்டை வாங்கிக்கொண்டு, "பேர், நட்சத்திரம்?" என்றார்.

"ஜலஜா. ரோகிணி."

சுந்தரேசன் மாமா நிமிர்ந்து பார்த்தார்.

"ரோகிணி நக்ஷத்ரே, ரிஷப ராசௌ..." என்று குருக்கள் தொடங்கினார். ஐம்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயரும் அந்த நட்சத்திரமும் சேர்ந்து அந்தக் கூடத்தில் ஒலித்தன. ஜலஜா கண்ணை மூடிக்கொண்டாள். பஸ் படியில் எட்டாமல் நின்றதே, அந்தக் குழந்தை இப்போது ஏறி உள்ளே வந்துவிட்டது.

கற்பூரம் காட்டிவிட்டு வந்த குருக்கள், "குழந்தைக்கா மாமி? என்ன வயசு?" என்று கேட்டார்.

"ஒண்ணரை."

"தீர்க்காயுசா இருக்கட்டும்" என்று அவர் கல்கண்டை ஒரு பிடி அள்ளி அவளுடைய இடது கையிலிருந்த வாழையிலைத் துண்டில் தனியாக வைத்தார். "இதைக் குழந்தை கையிலேயே குடுத்துடுங்கோ."

ஜலஜா வெளியே வந்து படியில் நின்றாள். எதிரே மார்க்கெட்டில் கறிவேப்பிலைக்காரியோடு யாரோ பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் இடது கையிலிருந்த கல்கண்டைத் தன் வலது கையில் கொட்டினாள். "இந்தாடி ஜலஜா" என்றாள். பிறகு ஒன்றுவிடாமல் அத்தனையையும் வாயில் போட்டுக்கொண்டாள்.