மூன்றாவது பிளக்கும் நாற்பது கிலோமீற்றரும்

பிளக்கைச் சீமெந்து நிலத்தில் விழுத்தியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லாமல் நாற்பது கிலோமீற்றர் தூரம் வாயை மூடிக்கொண்டு வந்தவனும் நான்தான்.

நான் கொழும்பில் ஒரு கந்தோரில் கதிரை தேய்க்கிறவன். வருடத்துக்கு ஒரு கிழமை லீவு எடுத்துக்கொண்டு பண்டத்தரிப்பில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வருவேன். அக்காவின் கணவர், எங்கள் அத்தான், தோட்டக்காரர். ஆனால் ஊரில் அவரைப் பிக்கப்காரர் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெற்றோல் பிக்கப்பின் நிறம் வெள்ளை என்று பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. நேரில் பார்த்தால் நம்பமாட்டீர்கள்.

இந்த முறை சும்மா இருந்து சாப்பிடாமல் ஏதாவது உதவி செய்வோம் என்று நினைத்தேன். வந்த வினை அதுதான். சந்தைக்குப் போவதற்கு முதல்நாள் பின்னேரம் அத்தான் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கப் போயிருந்தார். கைபேசியில் இரண்டு வீடியோ பார்த்த துணிவில் பிக்கப்பின் நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றித் துடைத்தேன். மூன்றாவது கையிலிருந்து நழுவியது. 'டிங்' என்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தேன், முழுதாகத்தான் இருந்தது. ஊதினேன், கட்டியிருந்த சாரத்தில் துடைத்தேன், திரும்பப் பூட்டினேன். கை கழுவிக்கொண்டு போய்ப் பேப்பர் வாசிக்க உட்கார்ந்துவிட்டேன். இஞ்சின் நன்றாக ஓடும்போது, "அது என்ரை வேலை அத்தான்" என்று சொல்லிப் பாராட்டு வாங்குவதாகத் திட்டம்.

காலை 5.40, பண்டத்தரிப்பு. பின்னால் பன்னிரண்டு மூடை சின்ன வெங்காயம். கொடிகாமம் சந்தையில் அத்தானுக்கு வாடிக்கையான ஒரு வியாபாரி இருக்கிறார், அவருக்குத்தான். இஞ்சின் ஒரே பிடியில் இயங்கியது.

"இண்டைக்கு நல்லாய்ப் பிடிச்சிருக்கு. சத்தத்தைக் கேளும், தையல் மெசின் மாதிரி," என்றார் அத்தான். நான் அடக்கமாகச் சிரித்தேன். பாராட்டு இன்னும் பழுக்கட்டும் என்று விட்டுவைத்தேன்.

அக்கா படலைக்கு வந்து தேத்தண்ணிப் போத்தலைத் தந்தாள். "இஞ்சேருங்கோ, சொன்னது ஞாபகம் இருக்குத்தானே," என்றாள்.

சொன்னது என்னவென்றால், போன வருடம் இந்தப் பிக்கப்பின் இஞ்சினை இறக்கிப் பழுது பார்த்தார்கள். இறக்கிய இஞ்சின் இரண்டு மாதம் மாமரத்தின் கீழ் கிடந்தது. அதன் நிழலில் ஒரு கோழி அடைகிடந்து குஞ்சும் பொரித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அக்கா ஒரு சட்டம் போட்டாள்: இன்னொரு தரம் இஞ்சின் இறக்க வேண்டி வந்தால், பிக்கப்பை விற்றுவிட வேண்டும். அத்தான் வைரவர் கோயில் வாசலில் வைத்து அதற்கு ஓம் என்றிருந்தார். உலகத்தில் அவர் பயப்படுவது இரண்டு பேருக்கு. அதில் ஒருவர் வைரவர்.

6.05, சண்டிலிப்பாய் தாண்டி. முன்னால் போன பஸ்ஸை முந்துவதற்காக அத்தான் அக்சிலரேற்றரை அமத்தினார். பிக்கப் ஒரு முறை உடம்பை உதறியது. பிறகு இன்னொரு முறை. முன்கண்ணாடியில் தொங்கிய முருகன் படம் தலையை ஆட்டி மறுத்தது.

"இஞ்சின் மிஸ் அடிக்குது," என்றார் அத்தான்.

"மிஸ்மார் அடிச்சுத்தானே அத்தான் நாங்கள் படிச்சனாங்கள்."

அவர் சிரிக்கவில்லை. காலை எடுத்தார், உதறல் நின்றது. அமத்தினார், உதறல் வந்தது. "பாரம் இழுக்கேக்கைதான் அடிக்குது. சும்மா விட்டால் ஒண்டுமில்லை. இது என்ன புது வருத்தம்?"

என் காதுக்குள் நேற்றைய 'டிங்' திரும்பக் கேட்டது.

6.50, கோப்பாய். தேத்தண்ணிக் கடையோரம் நிறுத்தினோம். பால் தேத்தண்ணி நூறு ரூபாய், வடை எண்பது. வைத்திய ஆலோசனை இலவசம். யாழ்ப்பாணத்தில் பொனற் திறந்த ஒரு வாகனத்தைக் கண்டால் யாரும் பேசாமல் கடந்து போவதில்லை. முதலில் வந்தவர் வேலையிலிருந்து இளைப்பாறிய பஸ் சாரதி ஒருவர்.

"பெற்றோலுக்கை தண்ணி கலந்திட்டுது. பில்டரைக் கழட்டுங்கோ," என்றார்.

கீரைக்கட்டுகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு பெண் காலை ஊன்றி நின்று, அத்தானை இரண்டு தரம் அமத்தச் சொன்னார். காது கொடுத்துக் கேட்டார். "மூண்டு காலிலை ஓடுற நாய் மாதிரிக் கிடக்கு அண்ணை. ஒரு கால் நிலத்திலை ஊண்டுதில்லை."

"பிள்ளை, இது மெசின் விசயம்," என்றார் பஸ் சாரதி.

"நான் லான்ட்மாஸ்டர் உழவு மெசின் ஓடுறனான்," என்றுவிட்டு அவர் பெடலை மிதித்தார்.

நாலு பிளக்கில் ஒன்று வேலை செய்யவில்லை என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லமுடியாது. பின்னால் ஓடிப்போய் அந்தச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கலாம். அதற்குப் பதிலாக, பில்டர் கழற்றும் பஸ் சாரதிக்குச் ஸ்பனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றேன். முக்கால் மணித்தியாலம் போயிற்று. தண்ணீர் ஒரு சொட்டும் வரவில்லை.

7.45, கோப்பாய் - கைதடி வீதி. இந்தத் துண்டு வழிக்காகவே ஒருவர் கொழும்பிலிருந்து வரலாம். தோட்டங்களும் கிணறுகளும் முடிந்து, பனைகளும் பின்தங்கி, திடீரென்று இரண்டு பக்கமும் தண்ணீர். அதற்குள் இடுப்பளவில் நின்று வலை வீசுகிற ஆட்கள். அவர்களைச் சட்டை செய்யாமல் ஒற்றைக்காலில் நிற்கிற வெள்ளைப் பறவைகள். காற்றில் உப்பும் சேறும் மணத்தன. பாலத்தின் சிறிய ஏற்றத்தில் பிக்கப் மூச்சிரைத்தது. உதறலில் மூடைகளிலிருந்து கழன்ற வெங்காயச் சருகு எங்களுக்குப் பின்னால் இளஞ்சிவப்பாகப் பறந்துகொண்டிருந்தது.

சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன்.

"அத்தான்."

"என்ன?"

"காத்து நல்லாய் அடிக்குது."

"ஓம். மிஸ்ஸும் அடிக்குது."

8.25, சாவகச்சேரி. ரயர் கடைக்காரர் ஒருவர் நாங்கள் கேட்காமலே புகைக்குழாயைக் குனிந்து பார்த்தார், விரலை விட்டுக் கரியைத் தடவினார், மோந்தார்.

"பிஸ்டன் ரிங் முடிஞ்சுது அண்ணை. இஞ்சின் இறக்கித்தான் பாக்கவேணும்."

அந்தச் சொல்லோடு அக்காவின் சட்டமும் பிக்கப்பில் ஏறிக்கொண்டது. கொடிகாமம் வரை எட்டுக் கிலோமீற்றர். ஒரு கையால் ஸ்ரியறிங்கைப் பிடித்திருந்தார். மற்றக் கை கியர் கம்பின் தலையில் கிடந்தது, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் கை வைத்திருப்பது போல. மீசாலையில் ஒரு முறை மட்டும், என்னிடமா பிக்கப்பிடமா என்று தெரியவில்லை, "நல்லாய்த்தானே இருந்தது," என்றார்.

வாசகரே, நீங்கள் என்னைத் திட்டுவது கேட்கிறது. நானும் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ஒரு மணித்தியாலம் பிந்திச் சொல்வதைவிட இரண்டு மணித்தியாலம் பிந்திச் சொல்வது கடினம், மூன்று இன்னும் கடினம். இந்தக் கணக்குத் தெரிந்தவர்கள் என்னை மன்னிப்பார்கள்.

9.10, கொடிகாமம். சந்தை உச்சத்தில் இருந்தது. பலாப்பழம் மணந்தது. தேங்காய் குவிந்து கிடந்தது. வாழைக்குலைகளுக்கு நடுவே ஒருவர் விலை கூறிக் கூறித் தொண்டை கட்டிப் போயிருந்தார். மூடைகளை இறக்கினார்கள். பக்கத்துத் தேங்காய் வியாபாரி, தங்கராசா என்று பெயர், வழக்கம்போலப் பிக்கப்பின் கதவில் சாய்ந்துகொண்டார்.

"எப்ப அண்ணை உந்தப் பிக்கப்பை எனக்குத் தரப்போறியள்?"

இந்தக் கேள்விக்கு அத்தானிடம் நிரந்தரமான ஒரு பதில் உண்டு: "என்ரை செத்தவீட்டுக்கு வாரும், கதைப்பம்." அன்றைக்கு அதைச் சொல்லவில்லை.

"பொறும். மத்தியானம் சொல்லுறன்," என்றார்.

தங்கராசாவே பயந்துபோய்க் கதவிலிருந்து நிமிர்ந்துவிட்டார்.

"அத்தான், ஒரு மெக்கானிக்கிட்டைக் காட்டுவம்."

"காட்டி? உவனும் இறக்கத்தான் சொல்லுவான்."

"ஒருக்கால். எனக்காக."

9.50. ரயில் நிலையப் பக்கம் ஒரு ஒழுங்கையில் குணம் என்பவரின் கராச். நாற்பது வயதிருக்கும். பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முடித்து, கை கழுவி, வாய் கொப்பளித்த பிறகுதான் எழும்பினார். முதல் கேள்வியே நெஞ்சில் விழுந்தது.

"ஆரும் கை வைச்சவையோ?"

"என்னைத் தவிர இதை ஆரும் தொடுறேல்லை," என்றார் அத்தான், பெருமையாக.

நான் எதிரே நின்ற தென்னையில் எத்தனை குலை என்று பார்த்தேன். ஆறு.

இஞ்சினை ஓடவிட்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார் குணம். ஒவ்வொரு தரமும் சத்தம் தளர்ந்தது. "நாலும் வேலை செய்யுது. சும்மா நிக்கேக்கை எல்லாரும் வேலைகாரர்தான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய் தார்ப்பாய் போலத் தடித்த ஒரு கறுத்தப் படங்கை எடுத்து வந்தார். "அண்ணை, நீங்கள் ஏறி பிரேக்கை அமத்திப் பிடிச்சுக்கொண்டு ரெண்டாம் கியரிலை கிளச்சை மெல்ல விடுங்கோ. அப்பதான் இஞ்சினுக்குப் பாரம் வரும். தம்பி, நீர் இஞ்சாலை வந்து படங்கைப் பிடியும். மூக்கு பத்திரம்."

படங்கு எங்கள் இருவரின் தலைக்கும் பொனற்றுக்கும் மேலாக விழுந்தது. உள்ளே கும்மிருட்டு. வெக்கை, பெற்றோல் மணம், குணத்தின் வாயிலிருந்து சம்பல் மணம். அத்தான் கிளச்சை விட, பிக்கப் முனகி உதறத் தொடங்கியது. அப்போது கண்டேன். மூன்றாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் ஒரு நீல நூல் மேலிருந்து கீழே இறங்கி இரும்பைத் தொட்டது. மறைந்தது, திரும்ப இறங்கியது. ஓர் எறும்பளவு மின்னல். இவ்வளவு அழகான குற்றச்சாட்டை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"கண்டீரோ?"

"கண்டன்."

"பீங்கான் வெடிச்சிருக்கு. பாரம் கூடினால் நெருப்பு உள்ளுக்குப் போகாமல் வெடிப்பாலை வெளியிலை ஓடுது. உது தானாய் வெடிக்கிற சாமான் இல்லைத் தம்பி. விழுந்திருக்கு."

நான் படங்கின் விளிம்பை இழுத்துச் சரிசெய்தேன்.

"ஆர் விழுத்தினது?"

"நான்தான்."

"அண்ணைக்குத் தெரியுமோ?"

"இல்லை."

குணம் சிரித்ததில் படங்கு குலுங்கியது.

வெளியே வந்தோம். "மூண்டாவது பிளக் அண்ணை. வேறை ஒண்டுமில்லை," என்றார் குணம்.

"இஞ்சின் இறக்கத் தேவையில்லையோ?"

"பிளக்கைத்தான் இறக்கவேணும்."

அத்தான் இறங்கி வந்தார். முகத்தில் ஒன்றையும் காட்டாத மனுசர். ஆனால் சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டி, கழற்றி, திரும்பப் பூட்டினார். குணம் கழற்றிக் கொடுத்த பிளக்கை வெயிலில் திருப்பிப் பார்த்தார். மயிர் அளவில் ஒரு கறுத்தக் கோடு.

"போட்டு மூண்டு மாசம்தான். நான்தான் கூட இறுக்கிப்போட்டன் போலை. இப்ப கைக்கு அளவு தெரியுதில்லை," என்றார். தன் உள்ளங்கையைப் பார்த்தார், ஏதோ அது வேறொருவருடையது போல.

குணம் துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. நான் அப்படியே தப்பி ஊருக்கு வந்திருக்கலாம். பிக்கப்பும் தப்பிவிட்டது. ஆனால் அந்தக் கையைப் பார்த்த பிறகு முடியவில்லை.

"அத்தான், அது உங்கடை கை இல்லை. என்ரை கை."

எல்லாவற்றையும் சொன்னேன். வீடியோ, டிங், ஊதியது, சாரத்தில் துடைத்தது. சாரத்துக்கு வந்ததும் குணம் திரும்பி நின்று தோள் குலுங்கினார். அத்தான் வெடித்த பிளக்கைச் சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். புதுப் பிளக் ஆயிரத்து நானூறு ரூபாய். நான் கொடுத்தேன், யாரும் தடுக்கவில்லை.

சந்தையைக் கடக்கும்போது அத்தான் வேகத்தைக் குறைத்து, தங்கராசாவைப் பார்த்துத் தலையை வெளியே நீட்டினார். "செத்தவீட்டுக்கு வாரும்."

11.30, திரும்பும் வழி. வெயில் ஏறியிருந்தது. பிக்கப் உதறவில்லை. மீசாலை, சாவகச்சேரி, கைதடி. அத்தானும் கதைக்கவில்லை. ஆனால் அமத்தத் தேவையில்லாத இடத்திலும் அமத்திப் பார்த்துக்கொண்டு வந்தார்.

நாளைக்கு எனக்கு ரயில். கொழும்பில் கைபேசியில் கூப்பிட்டால் கார் வந்துவிடும். ஏறுவேன், இறங்குவேன். அதன் இஞ்சினுக்கு என்ன வருத்தம் என்று எனக்குத் தெரியாது, ஓட்டுகிறவருக்கு என்ன வருத்தம் என்றும் தெரியாது. அது வீதியில் இருமினால், பின்னால் வருகிறவர் ஹோண் அடிப்பார். இங்கே நாற்பது கிலோமீற்றருக்குள் முன்பின் தெரியாத நாலு பேர் தங்கள் வேலையை விட்டுவிட்டுப் எங்கள் பிக்கப்புக்கு வைத்தியம் பார்த்தார்கள். ஒருத்தி சைக்கிளை விட்டு இறங்காமலே சரியாகச் சொன்னாள். காரணம் தெரிந்தும் சொல்லாதவன் ஒருவன்தான், அவனும் கொழும்பிலிருந்து வந்தவன்.

பாலம் வந்தது. பிக்கப் ஏற்றத்தை உணராமலே ஏறியது. தண்ணீரில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. மௌனத்தை எப்படியாவது உடைக்கவேண்டும் என்று கேட்டேன்:

"அத்தான், அடுத்த வருசம் நான் வரேக்கையும் இது ஓடுமோ?"

"நீர் தொடாட்டி ஓடும்."