அலங்காரமும் சாய்வெழுத்தும்

ரொட்டியின் மேல் வெண்ணெய் தடவும்போதுகூட நாலு பக்கமும் ஓரம் விட்டுத்தான் தடவுவார் அலங்காரம். இரண்டு பக்கமும் சமமாக, மேலே கொஞ்சம் கூடுதலாக, கீழே அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக. ஓரத்தை மட்டும் வறட்டு ரொட்டியாகத் தின்ன வேண்டுமா என்று மனைவி கேட்டால், "கண்ணு மூச்சு விட வேண்டாமா?" என்பார். வாய்க்குள் போகப்போகிற ரொட்டியில் கண் எதற்காக மூச்சு விட வேண்டும் என்பது அந்த வீட்டில் இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. இரண்டு பெண்களும் தங்கள் ரொட்டியைத் தாங்களே தடவிக்கொள்கிறார்கள்.

அலங்காரம் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அல்ல, அச்சகத்தில் வைத்தது. உணவகத்து விலைப்பட்டியல், மருந்துக்கடை உறை, காணாமல்போன நாய்க்கு அறிவிப்பு என்று எது வந்தாலும் கணினியில் அழகாக அடுக்கித் தருவது அவர் வேலை. ஒருமுறை பக்கத்துக் கட்டடக் காவலாளி, 'கழிப்பறை பழுது' என்று இரண்டே வார்த்தை அச்சடித்துக் கேட்டார். நம்மவர் அதைச் சுற்றிலும் பூங்கொடி ஓடவிட்டு, நடுவில் தங்க நிறத்தில் நிழல் விழும் எழுத்தில் போட்டுக் கொடுத்தார். அதைப் பார்த்தவர்கள் ஏதோ திறப்பு விழா என்று நினைத்து உள்ளே போய்விட்டார்களாம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் இது.

பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பார்க்க வேண்டும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலை நீட்டி, எதிரே ஒட்டியிருக்கும் விளம்பரத்தின் இடைவெளியை அளந்துகொண்டிருப்பார். பேருந்து வந்து போய்விடும். பல் மருத்துவரிடம் கன்னம் வீங்கிப் போனபோதுகூட, கோணலாக ஒட்டியிருந்த 'அமைதி காக்கவும்' தாளைச் சத்தமாகப் பிய்த்து நேராக ஒட்டிவிட்டுத்தான் வாயைத் திறந்தார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மனிதர் எழுத்தைப் பார்ப்பார், படிக்க மாட்டார். மின்வாரிய அலுவலக வாசலில் நாளை விடுமுறை என்று பலகை வைத்திருந்தார்கள். அதன் எழுத்து வடிவத்தை வீட்டில் வந்து புகழோ புகழென்று புகழ்ந்துவிட்டு, மறுநாள் அதே அலுவலகத்துக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தார்.

இந்த உலகத்தில் அவருக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டு. அது 'என்று'. என்று சொன்னார், என்று கேட்டார், என்று சிரித்தார் என்று வரிக்கு வரி வந்து இடத்தை அடைத்துக்கொள்கிறதாம். "எழுத்தைக் கொஞ்சம் சாய்ச்சு விட்டாப் போதும். ஆள் மாறிட்டாங்கன்னு படிக்கிறவங்களுக்குத் தானாப் புரியும்" என்பது அவர் கட்சி. அச்சகத்தில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. மறுத்துப் பேசினால் மதியச் சாப்பாடு ஆறிவிடும்.

இந்த வருடம் பெரியவள் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். பிசியோதெரபி என்கிற இயன்முறை மருத்துவம் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அவர்கள் ஊரில் ஒரே ஒரு கல்லூரியில்தான் அது இருக்கிறது, அதுவும் கைவிரலில் எண்ணிவிடக்கூடிய இடங்கள். இந்தப் படிப்பு ஏன் என்று ஒரு கட்டுரை எழுதி, கல்லூரியின் இணையப் பக்கத்தில் அதற்கென்று இருக்கும் கட்டத்தில் போட வேண்டும். அவள் அம்மாவைப் பற்றி எழுதினாள். அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. ஈரப் போர்வைகளை இயந்திரத்திலிருந்து இழுத்து இழுத்து வலது தோள் போய்விட்டது. அம்மா தோளைப் பற்றி அவ்வப்போது சொன்னதையெல்லாம் சொன்னபடியே எழுதியிருந்தாள். கட்டுரை நன்றாகத்தான் வந்தது. ஆனால் கட்டம் அனுமதிக்கிற அளவைத் தாண்டிவிட்டது.

பெண் தலையைப் பிய்த்துக்கொள்வதைப் பார்த்தால் அலங்காரத்துக்குப் பொறுக்குமா? "இங்க குடு, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கிக்கொண்டு அச்சகத்துக்குப் போனார். எல்லா 'என்று அம்மா சொன்னாள்'களையும் களையெடுத்தார். மேற்கோள் குறிகளையும் எடுத்தார், அவை கண்ணை உறுத்துகின்றனவாம். அம்மா பேச்சு முழுவதையும் சாய்வெழுத்தில் போட்டார். கட்டுரை அளவுக்குள் அடங்கி, பார்க்க லட்சணமாக வந்தது. பெரியவளும் மகிழ்ந்துபோய், பள்ளிக்குச் சான்றிதழ் வாங்கக் கிளம்புகிற அவசரத்தில் அதை அப்படியே நகலெடுத்துக் கட்டத்துக்குள் ஒட்டி அனுப்பிவிட்டாள். ஒட்டியதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

போன சனிக்கிழமை காலையில் கல்லூரியிலிருந்து பதில் வந்தது. கட்டுரையில் சொல்லியிருக்கும் கல்வித் தகுதியும் குடும்ப நிலையும் விண்ணப்பத்தோடு பொருந்தவில்லை, மாலைக்குள் சரியான கட்டுரையை அனுப்பாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி என்று இருந்தது. வீட்டில் யாருக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அலங்காரம் அச்சகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மேசை முன்னால் உட்கார்ந்தார். பெரியவள் அனுப்பிய கட்டுரையைத் திறந்தாள்.

"நான் பள்ளி இறுதித் தேர்வில் முதல் மாணவியாகத் தேறியிருக்கிறேன். நான் ஒன்பதாவதோட நிறுத்தினவ. ரெண்டு பிள்ளை பெத்தாச்சு. டாக்டர் சொல்றது எனக்கு ஒண்ணும் புரியாது, தலையாட்டிட்டு வந்துடுவேன். அதனால்தான் நான் இயன்முறை மருத்துவம் படிக்க விரும்புகிறேன்."

எல்லா எழுத்தும் நெட்டுக்குத்தாக நின்றன. ஒன்றுகூடச் சாயவில்லை.

"என் மெஷின்ல சாய்ஞ்சுதானே இருந்துச்சு?" என்றார் அலங்காரம். தம்மிடம் இருந்த பிரதியைத் திறந்து காட்டினார். அதில் அம்மா அழகாகச் சாய்ந்திருந்தாள். நகலெடுத்துக் கட்டத்துக்குள் விட்டார், எல்லாம் நிமிர்ந்துகொண்டன. இன்னொரு முறை விட்டார், மறுபடியும் நிமிர்ந்துகொண்டன. நீல நிறம் கொடுத்துப் பார்த்தார், கட்டம் கறுப்பாக்கியது. அம்மா பேச்சை வரி ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி வைத்தார், கட்டம் இடைவெளியை விழுங்கிவிட்டு இழுத்து ஒட்ட வைத்தது. வேறு வழியில்லாமல் மேற்கோள் குறிகளைத் திரும்பக் கொண்டுவந்தார். அச்சகத்துக்கே உரிய, வால் வைத்த, வளைந்த குறிகள். கட்டத்துக்குப் போனதும் அவை கேள்விக்குறிகளாகிவிட்டன.

"?ரெண்டு பிள்ளை பெத்தாச்சு?" என்று படித்த சின்னவள், அம்மாவுக்கே சந்தேகம் வந்த மாதிரி இருக்கிறதே என்று சிரித்தாள். பெரியவள் சிரிக்கவில்லை. சாதாரணக் குறி போட்டால் நிற்கும்தான், ஆனாலும் பேசுவது யாரென்று தெரியாதே என்றாள்.  அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அவங்க என்னைப் பொய் சொல்றவன்னு நினைச்சுட்டாங்கப்பா."

அலங்காரம் கட்டத்தின் மேல் கோபப்படலாம் என்று பார்த்தார், கோபம்கூடச் சரியாக வரவில்லை. குழப்பம்தான் வந்தது. எழுத்துக்கு உடை போட்டால் அது போகிற இடமெல்லாம் அந்த உடையோடுதான் போகும் என்று இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தவர் அவர். வாசலிலேயே எல்லாவற்றையும் உருவிவிட்டு உள்ளே அனுப்புகிற இடம் ஒன்று இருக்கும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? பேந்தப் பேந்த விழித்தபடி உட்கார்ந்திருந்தார். தன் பெண்ணின் படிப்பில் தானே மண்ணைப் போட்டுவிட்டோமோ என்று பயமாக இருந்தது.

மனைவி காலை வேலை முடிந்து வந்தபோது மூன்று பேரும் இப்படி இருந்தார்கள். கட்டுரை தன்னைப் பற்றியது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. முழுவதையும் ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். சுடுநீர்ப் பையைத் தோளில் வைத்துக்கொண்டு அலங்காரத்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இது நான் பேசினதுன்னு எங்கயுமே சொல்லலையே. சொன்னாத்தானேங்க தெரியும்?" என்றாள்.

குற்றமாகச் சொல்லவில்லை, கடையில் உப்பு வாங்க மறந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அலங்காரம் விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். களையெடுத்ததை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப நட்டார். என்று அம்மா சொன்னாள். என்று அம்மா சொன்னாள். அவர் கையாலேயே அடிக்க வேண்டியிருந்தது. முடித்தபோது கட்டத்தின் அடியில் எழுத்துகளை எண்ணிக் காட்டும் எண் சிவப்பாகிவிட்டது. அளவு மறுபடியும் தாண்டிவிட்டது.

எதை வெட்டுவது என்று பெரியவள் மேலும் கீழும் தேடினாள். அலங்காரம் தேடவில்லை. கட்டுரையின் நடுவில் அவரைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. என் அப்பா தொட்ட எழுத்தெல்லாம் அழகாகிவிடும் என்று தொடங்கும் பத்தி. அச்சகத்தில் வைத்து அதை எத்தனை தடவை பார்த்தார் என்று அவருக்கே தெரியாது. அதைப் படிக்கவும் செய்திருந்தார். இப்போது அதைத் தேர்ந்தெடுத்து அழித்தார். எண் கறுப்பாகிவிட்டது.

"அதை ஏம்ப்பா எடுக்கறீங்க?"

"அது வெறும் அலங்காரம்மா" என்றார்.

பெரியவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அம்மா கண்ணைக் காட்டினாள். அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று திரையை அவர் பக்கம் திருப்பினாள் பெண். அவர் வேண்டாமென்று திருப்பி வைத்தார்.

"நான் பாத்தா அழகாத்தான் தெரியும். நீ வாய்விட்டுப் படி, நான் கேக்கறேன்."

கண்ணை இறுக மூடிக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, பள்ளிப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். பெரியவள் நிதானமாகப் படித்தாள். தோள் வலி எப்போது தொடங்கியது, அம்மா எந்தக் கையால் இப்போது தலை வாருகிறாள், மருத்துவர் என்னென்ன சொன்னார் என்று கட்டுரை போயிற்று. அம்மாவின் பேச்சு வந்தபோது அலங்காரத்தின் தலை மெல்ல மனைவி இருந்த பக்கம் சாய்ந்தது. 'என்று அம்மா சொன்னாள்' என்றதும் நிமிர்ந்துகொண்டது. அடுத்த பேச்சுக்கு மறுபடி சாய்ந்தது, மறுபடி நிமிர்ந்தது. அவருக்கு அது தெரியவில்லை. சின்னவள் பார்த்துவிட்டு அக்காவை இடித்தாள், அக்கா கவனிக்கவில்லை.

"எனக்குப் புரியற மாதிரி யாராவது ஒருத்தர் சொன்னா நான் செய்ய மாட்டேனா, என்று அம்மா சொன்னாள்" என்று முடித்துவிட்டு, பெரியவள் அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். "போயிடுச்சுப்பா" என்றாள். இந்த முறை அலங்காரம் நிமிரவில்லை, தலையை மனைவி பக்கம் சாய்த்தது சாய்த்தபடியே இருந்தார்.