ஆண் எலிக்கு வருமா?

பத்து நாள் வயதான எலிக்குஞ்சு ஆணா பெண்ணா என்று கண்டுபிடிப்பது சுலபம். மல்லாக்கப் பிடித்தால் பெண் குஞ்சின் வயிற்றில் இரண்டு வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். அவைதான் பிற்பாடு பால் கொடுக்கும் காம்புகள். ஆண் குஞ்சுக்கு அந்தப் புள்ளிகள் இருக்காது. மனிதர்களைப் போல் இல்லை, ஆண் எலிக்குக் காம்பே கிடையாது. டாலஸ் பக்கத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பத்து வருடமாக இப்படிப் பார்த்துப் பார்த்துப் பிரிப்பதுதான் என் வேலை.

கோயம்புத்தூரில் விலங்கியல் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, கணவரின் விசாவில் டாலஸை ஒட்டிய ரிச்சர்ட்சனுக்கு வந்து, வேலைக்குப் போக அனுமதி இல்லாமல் ஏழு வருடம் வீட்டுக்குள்ளேயே புழுங்கிக்கொண்டிருந்தவள் நான். கிரீன் கார்டு வந்ததும் கிடைத்த முதல் வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகும் ஒரு பாட்லக் விருந்தில் ஒரு பெண்மணி, "எலிக் கூண்டு கழுவற வேலையாமே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். "ஆமா, கழுவிட்டு நேரா இங்கதான் வர்றேன்" என்றேன். அன்றைக்கு நான் கொண்டுபோன தயிர்சாதத்தை யாரும் தொடவில்லை. எனக்கு வாய் நீளம். அந்த வாய் செய்த ஒரு காரியத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் லேபில் ஆராய்வது மார்பகப் புற்றுநோயை. அந்த நோய் தானாகவே வரும்படியான மரபணு கொண்ட எலிகளை வளர்க்கிறோம். ஆராய்ச்சிக்கு வேண்டியவை பெண் எலிகள். ஆண்களில் இனப்பெருக்கத்துக்கென்று ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு, மிச்சத்தை கார்பன் டை ஆக்ஸைடு பெட்டிக்கு அனுப்பிவிடுவோம். பதிவேட்டில் அதற்கு 'தேவைக்கு மேல்' என்று ஒரு கட்டம். வாராவாரம் நான்தான் அதை நிரப்புவேன். அழுதுகொண்டே நிரப்பினேன் என்று கதை விடமாட்டேன். முதல் மாதம் கஷ்டமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

இனப்பெருக்கத்துக்கு வைத்த ஆண் எலி அந்த மரபணுவைக் குட்டிகளுக்குக் கொடுக்கும். அதற்கு வயதாகும்போது சில சமயம் முன்னங்கால் இடுக்கில் ஒரு கட்டி தட்டுப்படும். கட்டி வந்தால் அந்த எலியை எடுத்துவிட்டு இளசாக வேறொன்றை விடவேண்டும். கூண்டில் செருகிய அட்டையில், 'கட்டி. மாற்றப்பட்டது' என்று எழுதுவேன். இதே கட்டி பெண் எலிக்கு வந்தால் அதன் பெயர் ட்யூமர். வாரத்துக்கு இரண்டு தடவை காலிப்பரால் அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவோம். ஆணுக்கு வந்ததை யாரும் அளந்ததில்லை. அளக்கவேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை.

போன வருடம் மே மாத லாங் வீக்கெண்டில் என் தம்பி பெண்டாட்டியோடு ரவுண்ட் ராக் ஊரிலிருந்து வந்திருந்தான். என்னைவிட ஆறு வயது இளையவன், நாற்பத்து மூன்று. சாஃப்ட்வேர் வேலை, எதற்கெடுத்தாலும் கேலி, எங்கே நீச்சல் குளத்தைப் பார்த்தாலும் முதல் ஆளாகக் குதிப்பான். அன்றைக்கு எங்கள் குடியிருப்பின் குளத்துப் பக்கமே போகவில்லை. நான் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது வந்து ஃப்ரிட்ஜில் சாய்ந்துகொண்டான்.

"அக்கா, உங்க லேப்ல ஆம்பளை எலிக்கு அது வருமா?"

"எதுடா?"

"அதான்... பிரெஸ்ட் கேன்சர்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காம்பே இல்லாததுக்கு அது எங்கிருந்துடா வரும்? ஆம்பளை எலியை நாங்க வச்சுக்கறதே இல்ல. வந்த வழியே அனுப்பிருவோம்."

"மனுஷனுக்கு?"

"அதெல்லாம் ஒண்ணும் வராது. உனக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி? ஜிம்முக்குப் போய் அந்தத் தொப்பையைக் குறைக்கற வழியைப் பாரு."

அவனும் சிரித்தான். தட்டில் தோசையை வாங்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டான். அவ்வளவுதான் பேச்சு. ஆண்களுக்கும் அபூர்வமாக வரும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. லேப் சுவரில் ஒட்டிய போஸ்டரிலேயே ஓரமாக ஒரு வரி இருந்தது. ஆனால் கேட்டது என் தம்பி, கையில் தோசைக் கரண்டி, வாயில் ஒரு கிண்டல் தயாராக இருந்தது. யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

செப்டம்பரில் ஒரு நாள் லேப் வாசலில் காரை நிறுத்தும்போது தம்பி பெண்டாட்டி போன் செய்தாள்.

"அண்ணி, அவருக்கு மார்ல கட்டி. பயாப்சி ரிசல்ட் வந்திருச்சு. அதுதான்னு சொல்றாங்க."

ஏப்ரலிலேயே அவன் கைக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. இவளிடம் மூச்சுவிடவில்லை. போன மாதம் துணி துவைக்கும்போது பனியனில் ரத்தக்கறையைப் பார்த்துச் சண்டை போட்டு, இவள்தான் இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். மேமோகிராம் எடுக்கும் இடத்தில் அவன் பெயரைக் கூப்பிட்ட நர்ஸ் இவளைப் பார்த்து உள்ளே வரச் சொன்னாளாம். கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி என்ன என்று ஃபாரத்தில் ஒரு கேள்வி. அவன் அதைக் காட்டி, "என்னடி எழுத?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு, அப்படியே தலையைக் குனிந்துகொண்டானாம்.

"நான் அப்பவே கேட்டேன் அண்ணி, இத்தனை நாள் ஏன் சொல்லலைன்னு. 'அக்காவே வராதுன்னு சொல்லிட்டா, அப்பறம் என்ன'ன்னார்."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். நான் காரைவிட்டு இறங்கமுடியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று மாதங்களை விரல்விட்டுப் பார்த்தேன்.

மறுநாள் வேலைக்குப் போனேன். மூன்றாவது ரேக்கில் ஒரு வயதான ஆண். பிடித்துத் தடவிப் பார்த்தால் முன்னங்கால் இடுக்கில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. பழக்கத்தில் பேனாவை எடுத்துவிட்டேன், எழுதக் கை வரவில்லை. எலியைத் திரும்பக் கூண்டில் விட்டேன். அலமாரியில் பழைய அட்டைகள் போட்ட பெட்டிகள் இருந்தன. தரையில் உட்கார்ந்து ஆண் எலிகளின் அட்டைகளை மட்டும் பொறுக்கினேன். கட்டி, மாற்றப்பட்டது. கட்டி, மாற்றப்பட்டது. எல்லாம் என் கையெழுத்து. என் தம்பி கேட்ட கேள்விக்கு நானே பத்து வருடமாகப் பதில் எழுதி வைத்திருக்கிறேன். வாயைத் திறந்தபோதுதான் வேறொன்றைச் சொன்னேன்.

அட்டைகளை அள்ளிக்கொண்டுபோய் எங்கள் பேராசிரியரின் மேஜைமேல் கொட்டினேன். அறுபது வயது வெள்ளைக்கார அம்மாள், எதையும் நிதானமாகப் பேசுபவர். கோபம் வந்தால் எனக்கு இங்கிலீஷ் தடுமாறும். இதெல்லாம் ட்யூமர் இல்லையா, இதை ஏன் நாம் அளக்கவில்லை என்று கத்தினேன். அவர் மழுப்பவில்லை. ஆண் நோயாளிகள் குறைவு, அதனால் அவர்களை வைத்து நடக்கும் ஆராய்ச்சியும் குறைவு, பெண்களுக்குக் கொடுக்கும் வைத்தியத்தைத்தான் பெரும்பாலும் அவர்களுக்கும் கொடுக்கிறார்கள் என்றார். ஆண் எலிக்கு அது ரொம்பத் தாமதமாக வரும், அதுவரை யார் காத்திருப்பது என்றார்.

"நான் காத்திருக்கேன்" என்றேன்.

அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு, யாருக்கு என்று கேட்டார். தம்பிக்கு என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

விலங்குகள் விஷயத்தில் எதை மாற்றவேண்டுமானாலும் அதற்கொரு குழு இருக்கிறது, அவர்கள் அனுமதி வேண்டும். விண்ணப்பம் எழுதி, கேள்விகளுக்குப் பதில் எழுதி, குளிர்காலம் முடிந்த பிறகுதான் சம்மதம் வந்தது. இப்போது எங்களிடம் ஒரு ரேக் நிறைய ஆண் எலிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் வாராவாரம் நான்தான் தடவிப் பார்க்கிறேன். கட்டி வந்தால் அளக்கிறேன். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை ஒன்று உண்டு, பெண்களுக்கென்று வந்தது. அது ஆண் உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்பதுதான் இப்போது எங்கள் கேள்வி. ரவுண்ட் ராக்கில் என் தம்பி தினமும் காலையில் அதே மாத்திரையைத்தான் விழுங்குகிறான். எலிகள் பதில் சொல்ல இன்னும் வருடங்கள் ஆகலாம். அதுவரை அவன் தாக்குப்பிடிக்கவேண்டுமே என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆனால் இதெல்லாம் பின்னால் நடந்தது. அக்டோபரில் அவனுக்கு ஆபரேஷன் முடிந்தபோது என் மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். மே மாதம் நான் சொன்னது தப்பு, தெரிந்தே சொன்ன தப்பு என்று அவனிடம் சொல்லியாகவேண்டும். ரசப்பொடி, பருப்புப்பொடி எல்லாம் கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் ஃப்ரீவேயில் ஓட்டிக்கொண்டு போவேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். அவன் முகத்தைப் பார்த்ததும் டிராஃபிக் பற்றிப் பேசிவிட்டு வந்துவிடுவேன்.

ஆபரேஷன் முடிந்த இரண்டாவது வாரம், சனிக்கிழமை போனபோது தம்பி பெண்டாட்டி வீட்டில் இல்லை, கடைக்குப் போயிருந்தாள். ஆபரேஷன் செய்த இடத்திலிருந்து ஒரு குழாய் வெளியே வந்து, அதன் நுனியில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் குமிழ் தொங்கியது. அதில் சேரும் நீரை அளந்து கொட்டவேண்டும்.

"நீ பண்றியா? எலிக்கெல்லாம் பண்ணிப் பழக்கம்தானே" என்றான்.

சட்டையைத் திறந்தான். இடது பக்கம் தட்டையாக, அக்குள்வரை ஒரே கோடாகத் தையல். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சின்ன வயதில் இவனைக் குளிப்பாட்டிவிட்டவள் நான், என் முன்னால் கூச்சப்பட்டான். குமிழைத் திறந்து அளவுக் கப்பில் ஊற்றினேன், அளவைக் குறித்தேன். மூடிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னேன்.

"மே மாசம் நீ கேட்டப்போ நான் தப்பா சொல்லிட்டேன்டா. ஆம்பளைக்கும் வரும்னு எனக்குத் தெரியும். எலிக்கும் வரும். விளையாட்டா பேசிட்டேன்."

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"மறுநாளே கூகுள் பண்ணிப் பாத்துட்டேன்கா. வரும்னு முதல் வரியிலேயே போட்டிருந்துது."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "அப்பறம் ஏண்டா டாக்டர்கிட்ட போகல? நாலு மாசம் என்ன பண்ணிட்டிருந்த?"

"எங்க பாத்தாலும் வரும்னுதான் இருந்துது. நீ ஒருத்திதான் வராதுன்னு சொன்ன. அது கேக்க நல்லா இருந்துச்சு. நான் உன் கட்சியில சேந்துக்கிட்டேன்."

அறையலாம் போல இருந்தது. எங்கே அறைவது? சட்டைப் பட்டன்களைப் போட்டுவிட்டேன். கடைசிப் பட்டன் போடும்போது அழுதுவிட்டேன், அவனும் அழுதான்.

"திங்கக்கிழமை டாக்டர் வரச் சொல்லிருக்கார். எடுத்ததை டெஸ்ட் பண்ணின ரிப்போர்ட் வந்திருக்காம். நீயும் வர்றியா?" என்றான்.

லேபுக்கு லீவு சொல்லிவிட்டுத் தங்கிவிட்டேன். திங்கட்கிழமை டாக்டரின் அறையில் அவனுக்கு ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவன் பெண்டாட்டி. டாக்டர் அவசரமில்லாமல் எடுத்துச் சொன்னார். அக்குளில் இருக்கும் நெறிக்கட்டிகள் வரைக்கும் அது போயிருக்கிறது, கீமோ கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றார். தம்பி அவரைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். அன்றைக்கு ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்று கேட்டானே, அதே பார்வை.

"நிஜமாக்கா?" என்றான்.

"ஆமாண்டா" என்றேன்.