லீக்ஸ் பாத்தியில் கிடைத்த பந்தி

பழைய கலியாண வீடியோக் கெசட்டை டிவிடியாக மாற்றிக் கொடுக்கும் தொழிலில் ஒரே ஒரு வசதி உண்டு: கடையில் அது எப்போதும் நன்றாக ஓடும். வீட்டுக்குக் கொண்டுபோனால்தான் ஓடாது.

தலவாக்கலையில் நிஸ்தார் நானாவின் துணிக்கடைக்கு மேல்மாடியில், ஒரு கம்ப்யூட்டரும் கெசட் ஓட்டும் ஒரு பழைய டெக்கும் வைத்துக்கொண்டு, இரண்டாயிரத்துகளில் ஏழெட்டு வருஷம் இந்தத் தொழிலைச் செய்தேன். தொண்ணூறுகளில் வீடியோ எடுத்துக் கலியாணம் செய்த சனமெல்லாம், டெக் பழுதாகிப் போனதும் கெசட்டை உறைக்குள் போட்டுக்கொண்டு என் மாடிப்படி ஏறியது. நீங்களும் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவரானால், முக்கால்வாசி எழுதி முடித்த டிஸ்க் உள்ளே இருக்கும்போது கரண்ட் போவது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பந்தி வேண்டாம்

கெசட் மூன்று மணி நேரம். படம் தெளிவாக இருக்க வேண்டுமானால் ஒரு டிவிடிக்குள் இரண்டு மணி நேரம்தான் அடங்கும். எதை வெட்டுவது? ஆரம்பத்தில் எல்லாரிடமும் கேட்டேன். எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே பதில்தான் சொன்னார்கள்: பந்தியை. அந்தக் காலத்து வீடியோக்காரர்களுக்குப் பந்தி என்றால் உயிர். இலைக்கு முன்னால் பெரிய லைட்டைப் பிடித்துக்கொண்டு, சாப்பிடுகிறவர் வாயைத் திறக்கும்வரை காத்திருந்து எடுப்பார்கள். அதனால் நாளடைவில் நான் கேட்பதையே விட்டுவிட்டேன். பந்தி வந்தால் கை தானாகவே வெட்டிவிடும்.

ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்று, மரக்கறித் தோட்டம் போட்டிருந்த பொன்னுசாமி ஐயா, மகனுடைய கலியாணக் கெசட்டைக் கொண்டுவந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன் அவரே சொன்னார்:

"தாலி கட்டுறதை வேணும்னா கொஞ்சம் கொறைச்சுக்குங்க தம்பி, பந்தியை அடியோட எடுத்துருங்க. நான் வாயைப் பொளந்துகிட்டு இருக்கிறதை எங்க சம்பந்தி பதினஞ்சு வருசமா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு."

இருக்கு, ஆனா இல்ல

அதே பொன்னுசாமி ஐயா மூன்றாம் நாள் டிஸ்க்கோடு திரும்பி வந்தார். ஓடவில்லையாம். என் கடையில் போட்டேன், ஜோராக ஓடியது. கொண்டுபோனார். மறுநாள் மறுபடி வந்தார். இரண்டு பஸ் மாறி வருகிற மனிதர். அவருக்கு மூச்சு வாங்கியது.

கடைசியில் பிளேயரையே துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வரச்சொன்னேன். மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய பிளேயர் அது. டிஸ்க்கை உள்ளே தள்ளினால் கொஞ்சநேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, டிஸ்க்கே இல்லை என்று எழுத்துக் காட்டியது. டிஸ்க்கின் இனத்தை மாற்றி, எழுதும் வேகத்தையும் குறைத்து, நாலாவது முயற்சியில்தான் அது மனம் இரங்கியது. அதுவரைக்கும் பொன்னுசாமி ஐயா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அதையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"உள்ளுக்குப் போனதைக் கண்ணால பாத்தேன், சுத்துற சத்தமும் கேக்குது, ஆனா இல்லைங்குது. நான் முப்பது வருசம் வேலை செஞ்ச தோட்டத்து ஆபீஸ்தான் தம்பி இது."

பின்னால் வந்த பேச்சு

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ஒரு கணக்கு மாஸ்டர், தன்னுடைய பரிசளிப்பு விழாப் பேச்சை டிவிடியாக்கக் கொடுத்தார். படத்தையும் சத்தத்தையும் தனித்தனியாக மாற்றிச் சேர்க்கும்போது ஒரு சின்னப் பிசகு. தொடக்கத்தில் தெரியாது. நேரம் போகப் போகச் சத்தம் பின்தங்கும். மாஸ்டர் நாற்பது நிமிஷம் பேசியிருந்தார். முடிவில் அவர் மேடையை விட்டு இறங்கி, கதிரையில் உட்கார்ந்து, சோடா குடிக்கிறார்; பேச்சு மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது.

தலையைச் சொறிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டேன். மாஸ்டருக்குக் கோபமே வரவில்லை.

"பரவாயில்லை தம்பி, திருத்த வேண்டாம். நான் வாயை மூடினாப் பிறகும் பேச்சு நிக்காதெண்டு என்ர மனுசி இருபது வருசமாச் சொல்லுறா, இப்ப ஆதாரமும் கிடைச்சிட்டுது."

டிவிடியில் இல்லாதவர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் படியேறி வந்தார். பெயர் மாரியாயி. பொன்னுசாமி ஐயா வேலை பார்த்த தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். ஐயா வீட்டில் புது டிவிடி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பதின்மூன்று வயது மகளையும் கூட்டிக்கொண்டு போய், வாசலில் நின்று இரண்டு மணி நேரமும் பார்த்திருக்கிறார். பார்க்கப் போனது மாப்பிள்ளையையோ பெண்ணையோ அல்ல. அந்தக் கலியாணத்தில் மாரியாயியின் புருஷன் காளிமுத்து சாம்பார் வாளி தூக்கிப் பரிமாறியிருக்கிறார். பழைய கெசட்டில் அவர் நடந்து வருவதை மாரியாயி ஒரு தடவை பார்த்திருந்தார். மகள் தவழ்கிற வயதில் காளிமுத்து காய்ச்சலில் போய்விட்டார். அப்பா அசைந்து பார்த்த ஞாபகமே மகளுக்கு இல்லை.

"டிவிடியில அவரைக் காணோம் தம்பி. பந்தியை நீங்கதான் எடுத்துட்டீங்கன்னு ஐயா சொன்னாரு" என்றார். சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கம்ப்யூட்டரில் இடமில்லை என்று நான் எல்லாவற்றையும் அழித்துப் பல நாளாகியிருந்தது. போட்டோவாவது இருக்கிறதா என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"ஐடென்டி கார்டுல ஒண்ணு இருக்கு. யாரோ திட்டின மாதிரி நிப்பாரு. அப்பா எப்பவுமே இப்படித்தானாம்மான்னு எம் மவ கேக்குறா தம்பி."

குருவிகள் வந்த பாத்தி

கெசட் ஐயாவிடம்தானே இருக்கும் என்று, கடையைப் பூட்டிவிட்டு மாரியாயி அக்காவோடு பஸ் ஏறினேன். நுவரெலியாவில் மாறி ராகலை போய் இறங்கி, ஐயாவின் தோட்டத்தை நெருங்கும்போதே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. பாத்திக்குப் பாத்தி குச்சி நட்டு, குச்சிக்குக் குச்சி கறுப்பு நாடா இழுத்துக் கட்டியிருந்தது. காற்றில் விர்ரென்று சத்தம், வெயிலில் பளபளப்பு. விதை போட்ட பாத்தியில் குருவி இறங்காமலிருக்க எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். டிவிடி வந்துவிட்டதே, இனிக் கெசட் எதற்கு என்று மகனுடைய கலியாணத்தை உருவி வெளியில் கட்டிவிட்டார்.

அக்கா அன்று வாசலில் நின்று தேடியது யாரை என்று கேட்டதும் ஐயா உடைந்துபோனார். காளிமுத்து அவரிடம் வேலை செய்தவர்தான். நாடாவை முதலிலிருந்து வரிசையாகத்தான் உருவிக் கட்டினேன் என்று சொல்லி, எங்களைப் பாத்தி பாத்தியாகக் கூட்டிக்கொண்டு போனார். கரட் பாத்தியில் பெண்ணழைப்பு. கோவாப் பாத்தியில் முகூர்த்தம். ஓரத்து லீக்ஸ் பாத்திக்கு வந்ததும் நின்றார்.

"பந்தி இதுலதான் இருக்கணும். முகூர்த்தத்தைக் கட்டின பாத்திக்கு ஒரு குருவி வரல தம்பி, இந்தப் பாத்திக்கு மட்டும் அவ்வளவும் குடும்பத்தோட வந்து குந்திருச்சு."

போதும்

மூன்று பேருமாக லீக்ஸ் பாத்தி நாடாவைச் சுற்றி எடுத்தோம். அக்காவோடு கடைக்கு வந்து மண்ணைத் துடைத்து, கசங்கலை விரலால் நீவி, துண்டுகளை ஒட்டி, ஒரு வெறுங்கெசட்டுக்குள் சுற்றினேன். அழுக்கு நாடா போட்டால் டெக் நாசமாகும் என்று இந்தத் தொழிலில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். என்னிடம் இருந்ததே ஒரு டெக். வருவது வரட்டும் என்று போட்டேன்.

திரை முழுக்க மழைபோல் கோடு. நடுவில் யாரோ ஒருவரின் முழங்கை. பிறகு திடீரென்று தெளிந்தது. வாளியோடு ஒரு மெலிந்த மனிதர் சிரித்துக்கொண்டே நடந்து வருகிறார். இலையில் ஊற்றுகிறார். உட்கார்ந்திருப்பவர் வாயைப் பிளந்துகொண்டு, போதும் போதும் என்று கையால் இலையை மறைக்கிறார். வாளிக்காரர் விடாமல் ஊற்றுகிறார். உட்கார்ந்திருப்பவர் சாட்சாத் பொன்னுசாமி ஐயா. பதினொரு செக்கன். அதோடு டெக் நாடாவைத் தின்றுவிட்டு நின்றது, பிறகு எழுந்திருக்கவேயில்லை. ஆனால் அந்தப் பதினொரு செக்கனும் கம்ப்யூட்டருக்குள் வந்து சேர்ந்துவிட்டது. மாரியாயி அக்கா சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை போடும்படி கையைக் காட்டினார்.

அத்தனை சின்னதாக இருந்தால் பார்ப்பதற்குள் முடிந்துவிடும் என்று, அதையே முப்பது தடவை அடுத்தடுத்துப் போட்டு ஒரு டிவிடி எழுதிக் கொடுத்தேன். அக்கா குடியிருந்த வரிசைவீட்டு லயத்தில், பக்கத்துக் காம்பிராக்காரர்களின் பிளேயரில், அதிசயமாக, முதல் தடவையே ஓடியதாம். லயமே கூடி நின்று, கணக்கப்பிள்ளை முப்பது தடவை சாம்பார் வாங்குவதைப் பார்த்திருக்கிறது. அடுத்த ஞாயிறு மாரியாயி அக்கா அதைச் சொல்வதற்காகவே படியேறி வந்தார்.

"எம் மவ மொதல்ல அழுதுட்டா தம்பி, அப்புறம் சிரிச்சுட்டா. அப்பா ஏம்மா போதும்னாலும் கேக்காம ஊத்துறாருன்னா. அவரு அப்படித்தாண்டி, யாரு போதும்னாலும் அவருக்குக் காது கேக்காதுன்னேன்."

அதற்குப் பிறகு வேறொரு டெக் தேடிப்பிடித்து எத்தனையோ கலியாணங்களில் ஊர்வலத்தை, வாழ்த்துரையை, தாலி கட்டுவதைக்கூட நறுக்கியிருக்கிறேன். வாயைப் பிளந்துகொண்டிருப்பவர்கள் எவ்வளவு கெஞ்சினாலும் பந்தியில் மட்டும் கை வைத்ததில்லை.